மெசினுக்குப் போக முன்னமே பிழைக்கிற மாதிரிகள்

திரி தொடக்கம்:
வாட்டிலோ கிளினிக்கிலோ கடற்கரையிலோ ஆய்வுக்கு மாதிரி எடுக்கிற ஆக்கள் இதிலை எழுதுங்கோ. சொந்தக் கதை வேண்டாம். எது பிழைக்குது, ஏன் பிழைக்குது, என்ன செய்தால் பிழைக்காது. அளவுகளோடை எழுதினால் புதுசா வாற பிள்ளையளுக்கு உதவும். யாழ்ப்பாணத்து வெக்கை, கறண்ட் நிக்கிற நேரம், மாரி மழை எல்லாத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறன்.

கல்ச்சர் மேசை:
இரத்தக் கல்ச்சரிலை தொடங்குறன், அதாவது இரத்தத்தைக் குழம்புப் போத்தலில் விட்டுக் கிருமி வளருதோ எண்டு மெசினில் பார்க்கிறது. வைத்தியசாலைத் தொற்றைப் பற்றின ஆய்வு எதுவெண்டாலும் கடைசியில் அந்தப் போத்தலை நம்பித்தான் நிக்குது.

முதல் பிழை அளவு. வளர்ந்த ஒராளுக்குப் போத்தல் ஒண்டுக்கு 8 முதல் 10 மி.லீ. இரத்தம் வேணும். வந்து சேருறது 3, 4. பெரிய ஆக்களின்ரை இரத்தத்தில் சில வேளை ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கிருமிகூட இராது. குறைச்சு எடுத்தால் கிருமி போத்தலுக்குள் வராமலே போகலாம், பிறகு "வளர்ச்சி இல்லை" எண்ட றிப்போட்டை ஆரும் சந்தேகிக்க மாட்டினம். போத்தலுக்குள் வெற்றிடம் இருக்கிறதால் அது தானே இழுக்கும், எவ்வளவு இழுத்தது எண்டு கண்ணுக்குத் தெரியாது. குத்த முன்னமே போத்தலின்ரை பக்கத்தில் இருக்கிற அளவுக் கோடுகளைப் பார்த்து, உள்ள இருக்கிற குழம்பின்ரை மட்டத்துக்கு மேல 10 மி.லீ. வாற இடத்தில் பேனையால் ஒரு கோடு கீறி வையுங்கோ. கூட விட்டாலும் பிழைதான்: வெள்ளணுக்கள் விடுற காபனீரொட்சைட்டைக் கண்டு மெசின் கிருமி வளருது எண்டு மணியடிக்கும்.

அடுத்தது தோல். 70 வீத அல்ககோலில் 2 வீதக் குளோர்ஹெக்சிடின், 30 செக்கன் தேய்ச்சு, 30 செக்கன் காய விடவேணும். ஊதிக் காய வைக்கிறது, பஞ்சால் ஒத்துறது, சுத்தம் செய்த பிறகு நரம்பு எங்க எண்டு விரலால் திரும்ப அமத்திப் பார்க்கிறது, இந்த மூண்டிலும் தோலின்ரை கிருமி திரும்ப வந்திடும். போத்தலின்ரை மேல் மூடியைக் கழட்டினால் தெரியிற றப்பரும் கிருமி நீக்கினது இல்லை. பார்க்கச் சுத்தமாயிருக்கும், அதாலதான் விட்டிடுவினம். அல்ககோலால் துடைச்சுக் காய விடுங்கோ. அயடின் வேண்டாம், றப்பர் பழுதாகும்.

இப்படி வாறது பெரும்பாலும் கோஅகுலேஸ் நெகற்றிவ் ஸ்ரபிலோகொக்கஸ் எண்ட தோல் கிருமி. இரண்டு கையிலிருந்து இரண்டு செற் போத்தல் எடுத்திருந்தால், ஒண்டில் மட்டும் வந்தது தோலிலிருந்து வந்தது எண்டு சொல்லலாம். ஒரு செற் மட்டும் எடுத்திருந்தால் ஒண்டும் சொல்லேலாது, ஆளுக்கு வன்கொமைசின் எண்ட அன்ரிபயோட்டிக்கைத் தொடங்கியிருப்பினம். சென்ரல் லைனில்தான் (பெரிய இரத்த நாளத்துக்குள் விட்டிருக்கிற குழாய்) தொற்று எண்டு சந்தேகமெண்டால் லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு எடுங்கோ. லைன் போத்தல் 120 நிமிசமோ அதுக்கும் கூடவோ முந்தி மணியடிச்சால் லைன்தான் காரணம். அளவு வித்தியாசப்பட்டால் இந்தக் கணக்குச் செத்துது.

பிரிட்ஜ்: ஆய்வுகூடம் இரவு பூட்டு எண்டால் போத்தலைப் பிரிட்ஜில் வைக்காதேங்கோ. நியூமொகொக்கஸ் மாதிரி நொய்ஞ்ச கிருமிகள் குளிரில் செத்துப்போம். வாட்டு மேசையிலேயே வைச்சிட்டு, நாலு மணித்தியாலத்துக்குள் மெசினில் ஏத்தப் பாருங்கோ. வெக்கையில் மேசையிலேயே இரவு முழுக்கக் கிடந்தால் கிருமி மெசினுக்குப் போக முன்னமே வளர்ந்து முடிஞ்சிடும். மெசின் பார்க்கிறது வளருற வேகத்தை. முடிஞ்ச வளர்ச்சியை அது காணாமல் விடலாம்.

இரவு வாட்டு:
அண்ணை சொன்னதோடை இன்னும் இரண்டு. பெயர் லேபலைப் பார்கோட்டுக்கு மேல ஒட்டாதேங்கோ. சின்னப் பிள்ளையளுக்கு 10 மி.லீ. எடுக்கேலாது, பிள்ளையின்ரை நிறையைப் பார்த்து 1 முதல் 3 மி.லீ., அதுவும் பிள்ளையளுக்கு எண்டு இருக்கிற போத்தலில்.

எனக்கு ஒரு கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் சீனி வருத்தம் உள்ள வயல் வேலை ஆக்கள் காய்ச்சலோடை வருவினம், கல்ச்சரில் "சூடோமோனாஸ் வகை" எண்டு மட்டும் வரும். அதை எப்படி வாசிக்கிறது?

கல்ச்சர் மேசை:
அந்தச் சொல்லைக் கண்டால் உடனே கீழ வந்து எங்களோடை கதையுங்கோ தங்கச்சி. மெலியொயிடோசிஸ் கன தடவை அந்தப் பெயருக்குள்தான் ஒளிச்சிருக்கிறது. இலங்கையில் முதல் நோயாளி பற்றின குறிப்பு 1927ஆம் ஆண்டினது, ஆனாலும் இதை ஏதோ புது வருத்தம் மாதிரித்தான் இன்னும் பார்க்கினம். மண்ணிலும் தேங்கின தண்ணியிலும் இருக்கிற கிருமி. மழையோடை கூடும், சீனி வருத்தக்காரரைத்தான் கூடப் பிடிக்கும்.

மேசையில் பிடிக்கிற வழி இதுதான்: கிராம் சாயச் சோதனையில் நெகற்றிவ் ஆன கோல் வடிவக் கிருமி, ஒக்சிடேஸ் சோதனையில் பொசிற்றிவ், ஜென்ராமைசினுக்கும் கொலிஸ்ரினுக்கும் அசையாது, கோ-அமொக்சிகிளாவுக்கு மட்டும் மடங்கும். சாதாரண சூடோமோனாஸ் கோ-அமொக்சிகிளாவுக்கு மடங்காது. அந்த மூண்டு அன்ரிபயோட்டிக் டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சால் ஒரு நாளில் சந்தேகம் வந்திடும். கொலனி இரண்டாம், மூண்டாம் நாள்தான் சுருங்கிக் காய்ஞ்ச தோல் மாதிரி வரும், 24 மணித்தியாலத்தில் தட்டை எறிஞ்சால் காணமாட்டியள். மண் வாசம் வருமெண்டு சொல்லுவினம். மணந்து பார்க்காதேங்கோ! மூச்சாலேயே தொற்றும், வேலை முழுக்கப் பாதுகாப்புக் கபினெற்றுக்குள்தான்.

கல்ச்சர் பிடிக்கிறது நூற்றுக்கு அறுபது அளவில்தான். ஒரு போத்தல் நெகற்றிவ் எண்டு விடாமல் சலம், தொண்டைத் துடைப்பு, சீழ் இருந்தால் சீழ், எல்லாம் அனுப்புங்கோ. செவ்ராசிடிம் அல்லது மெரோபெனம் குறைஞ்சது இரண்டு கிழமை, பிறகு கோட்ரைமொக்சசோல் மூண்டு மாசம். வழமையாத் தொடங்குற செவ்ரியாக்சோன் இதுக்குப் போதாது.

நினைவுக் கிளினிக்:
தொற்றும் மூளையும் சந்திக்கிற இடத்தைப் பற்றி எழுதுகிறேன். எண்பது வயதுக்காரருக்குச் சலத்தொற்றோ நியூமோனியாவோ வந்தால் காய்ச்சல் இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். கத்திக் குழறுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் படுத்திருப்பவரைத்தான் தவற விடுகிறோம். "அம்மா நல்ல நித்திரை" என்று கோப்பில் எழுதுவதற்கு முன், வீட்டுக்காரரிடம் "நேற்று எப்படி இருந்தவா?" என்று கேளுங்கள்.

ஃபோர்-ஏ-ரி என்ற சோதனை இரண்டு நிமிடத்தில் முடியும். விழிப்பு நிலைக்கு 0 அல்லது 4. வயது, பிறந்த திகதி, இடம், இந்த வருடம் ஆகிய நான்கு கேள்விகளுக்கு 0 முதல் 2. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்வதற்கு 0 முதல் 2. திடீர் மாற்றத்துக்கு 0 அல்லது 4. மொத்தம் 4க்கு மேலோ 4ஆகவோ இருந்தால் டெலிரியம், அதாவது வருத்தத்தால் திடீரென்று வரும் குழப்பம், என்று எடுத்துக் காரணத்தைத் தேட வேண்டும்.

இங்கே பிழைப்பது மாதங்களில். "டிசம்பரிலிருந்து பின்னுக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டால் எங்கள் ஊர் அப்பாச்சிமார் தடுமாறுவார்கள், அது மூளையின் குற்றம் இல்லை. "மார்கழியிலிருந்து" என்று கேளுங்கள்: மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி. சிலர் வருடம் சித்திரையில் பிறக்கிறது என்ற கணக்கில் பங்குனியில் தொடங்கி மாசி, தை, மார்கழி என்று போவார்கள். அதுவும் சரிதான், வரிசையைத்தான் எண்ண வேண்டும். ஏழு மாதம் பிழையில்லாமல் போனால் 0. தொடங்க ஒரே ஒரு முறை எடுத்துக் கொடுக்கலாம். பிறந்த திகதியும் அப்படித்தான், அடையாள அட்டையில் ஒன்று, வீட்டில் சொல்வது வேறொன்று. பிள்ளைகளிடம் கேட்காமல் புள்ளி போடாதீர்கள்.

டெலிரியம் இருக்கும்போது மொகா போன்ற நினைவுச் சோதனை வைத்து அந்தப் புள்ளியை ஆய்வுத் தரவில் சேர்ப்பது பெரும் பிழை. 30க்கு 14 வரும், டிமென்சியா (மறதி நோய்) என்று பதிவாகும். ஆள் தேறிச் சில வாரம் கழித்து 23 எடுப்பார். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்ட மறக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் பகுதியில், "க" என்றால் கா, கி, கு எல்லாம் சேருமா என்று எல்லாப் பரிசோதகரும் ஒரே முடிவில் இருக்க வேண்டும். இது தமிழ் எழுத்துக்கே உள்ள சிக்கல், ஆங்கிலத் தாளில் இதற்கு வழி எழுதியிராது. ஒரு பரிசோதகர் சேர்த்து மற்றவர் விட்டால், ஒரே ஆளின் புள்ளி வருடத்துக்கு வருடம் காரணமின்றி ஏறி இறங்கும்.

டெலிரியத்தின் காரணம் தேடும்போது பார்க்க வேண்டியவை: நிரம்பிய சலப்பை, மலச்சிக்கல், குறைந்த சோடியம், அலர்ஜிக்கு எழுதும் குளோர்பெனிரமின். சலக்குழாய் போட்டவரின் சலத்தைக் கல்ச்சருக்குப் பையிலிருந்து எடுக்காதீர்கள், குழாயில் அதற்கென்று உள்ள வாயிலிருந்து எடுங்கள். முதியவர்களின் சலத்தில் வருத்தமே இல்லாமல் கிருமி இருப்பது சாதாரணம். சலத்தில் தோய்த்துப் பார்க்கும் ஒரு டிப்ஸ்ரிக்கை நம்பி அன்ரிபயோட்டிக் தொடங்கினால் உண்மைக் காரணம் அப்படியே கிடக்கும்.

அல்சைமர் ஆய்வுக்கு இரத்தம் எடுப்பவர்களுக்கு: இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. குழாய், எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்தல், சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவை அரை மி.லீ. அளவாகப் பிரித்துச் சிறு பொலிபுரொப்பிலீன் குழாய்களில், மைனஸ் 80 பாகையில். கண்ணாடிக் குழாயில், இந்த ஆய்வில் அளக்கும் அமிலொயிட் புரதம் சுவரில் ஒட்டிவிடும், அளவு குறைத்துக் காட்டும். வீட்டு ஃப்ரொஸ்ட்-ஃப்ரீ பெட்டி அறவே கூடாது. ஐஸ் உருக்க அது தானே சூடேறி இறங்கும், புரதம் உருகி உறைந்து பழுதாகும்.

கரையோரம்:
கடற்பசு (ஆவுளியா), ஆமை ஒதுங்கினால் என்ன செய்யிறது எண்டு எழுதுறன். முதல் வேலை வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கிறது. தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரித்தில்லாத ஆள் ஒரு துண்டுத் தோல்கூட எடுக்கேலாது. கடற்பசுவும் எல்லாக் கடலாமையும் சைட்டிஸ் எண்ட, அருகிற உயிரினங்களின்ரை சர்வதேச வணிக ஒப்பந்தத்தின்ரை முதலாம் பட்டியலில் இருக்கிறதால் சின்னத் திசுக் குழாயை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவும் அனுமதிப்பத்திரம் வேணும். பார்சலில் போட்டு விட்டால் பிறகு அந்தத் தரவை ஒரு சஞ்சிகையும் ஏற்காது. பாக்கு நீரிணைக்கு அங்கால 2022இல் தமிழ்நாடு 448 சதுர கி.மீ. கடலைக் கடற்பசுவுக்கு ஒதுக்கினது. ஆவுளியாவுக்கு எல்லைக் கோடு தெரியாது, இரண்டு கரையிலும் எடுத்த மாதிரியை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒரே கூட்டமோ வேறவேறயோ எண்டு சொல்லலாம்.

அனுமதி உள்ள ஆள் எடுக்கேக்கை: உயிருள்ள ஆமையெண்டால் பின் துடுப்பின்ரை ஓரத்தில் 4 முதல் 6 மி.மீ. பயொப்சி பஞ்ச் (வட்டமாத் திசு வெட்டுற கருவி). செத்த கடற்பசுவெண்டால் வால் பக்கத் தோல். கச்சான் பருப்பளவு போதும். பெரிய துண்டைப் போட்டால் நடு அழுகும், அல்ககோல் உள்ள போகாது. ஒரு பங்கு திசுவுக்குப் பத்துப் பங்கு 95 வீத எதனோல், ஒரு நாள் கழிச்சு எதனோலை மாத்துங்கோ, ஏனெண்டால் திசுவிலிருந்து வாற தண்ணி அதை நீர்த்துப் போகச் செய்யும். போமலின் தொடவே வேண்டாம், டீ.என்.ஏ.யைப் புரதத்தோடை பிணைச்சுப் போடும், நோயியல் ஆய்வுக்கு அது நல்லது, மரபணுவுக்கு நஞ்சு. கையில் எதனோல் இல்லையெண்டால் பேப்பரில் சுத்தி உப்புக்குள் புதைச்சு வைக்கலாம், ஆனையிறவு உப்பெண்டாலும் பரவாயில்லை.

பேரைப் பென்சிலால் கடதாசியில் எழுதிக் குழாய்க்கு உள்ள போடுங்கோ. மார்க்கர் எதனோலில் கரைஞ்சு போம். வெறும் குழாய்கள் இருபது, எது எந்தக் கரையில் எடுத்தது எண்டு தெரியாமல் நிக்கிறது இந்த வேலையில் வழமையான காட்சி.

இப்ப எல்லாரும் தவற விடுற இடம். அழுகின திசுவில் டீ.என்.ஏ. உடைஞ்சிருக்கும். தாயிடமிருந்து ஒண்டு, தகப்பனிடமிருந்து ஒண்டு எண்டு இரண்டு வடிவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒண்டு மட்டும் பெருகும். மெசின் அதை "இரண்டும் ஒண்டுதான்" எண்டு வாசிக்கும். பழுதான மாதிரிகளை அப்படியே கணக்கில் போட்டால் அந்தக் கூட்டம் முழுக்க நெருங்கின உறவுக்குள் இனம் பெருக்கின மாதிரித் தெரியும். கூட்டம் குறைஞ்சுபோன விலங்கில் எல்லாரும் எதிர்பார்க்கிற விடையும் அதுதான், அதால ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டினம். ஒவ்வொரு மாதிரியையும் குறைஞ்சது மூண்டு தரம் தனித்தனியாப் பீ.சி.ஆர். (டீ.என்.ஏ.யைப் பெருக்கிற சோதனை) ஓட்டிப் பார்த்து, ஒத்து வந்ததை மட்டும் எடுங்கோ. தசை அழுகியிருந்தால் பல்லை எடுங்கோ, பொலித்தீனில் இல்லை, கடதாசிப் பையில். கடற்பசுவின் கொம்புப் பல்லை அறுத்தால் வளையங்களை எண்ணி வயதும் பார்க்கலாம்.

கல்ச்சர் மேசை:
பாருங்கோ, எங்கடை பக்கத்தில் தோல் கிருமி, உங்கடை பக்கத்தில் உடைஞ்ச டீ.என்.ஏ. இரண்டும் நம்பக்கூடிய பொய்யைச் சொல்லுது. தண்ணியிலிருந்து டீ.என்.ஏ. எடுக்கிறதைப் பற்றியும் எழுதுங்கோவன்.

கரையோரம்:
சுருக்கமாச் சொல்லுறன். 0.45 மைக்ரோன் வடியில் ஒரு லீற்றர் வடிக்க வேணுமெண்டு புத்தகத்தில் இருக்கும். மழை பெய்ஞ்சாப் பிறகு கடல்நீரேரித் தண்ணி சேறு, அரை லீற்றருக்கு முன்னமே அடைச்சிடும். பலவந்தமா இழுத்தால் வடி கிழியும். இரண்டு மூண்டு வடியில் பிரிச்சு, ஒவ்வொண்டிலும் எவ்வளவு போனது எண்டு எழுதுங்கோ. பீ.சி.ஆர். ஒண்டும் காட்டாட்டி வடியிலிருந்து எடுத்த டீ.என்.ஏ. சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கோ, சேற்றில் இருக்கிற ஹியூமிக் அமிலம் அதை அடக்கியிருக்கலாம். போத்தல்களை 10 வீத பிளீச்சில் பத்து நிமிசம் ஊற வைச்சுக் கழுவுங்கோ. டீ.என்.ஏ. பிரிக்கப் பாவிக்கிற, குவானிடின் கலந்த பஃபர் கரைசலுக்கு மேல பிளீச் படக் கூடாது, நச்சு வாயு வரும். கடற்கரைக்கே சுத்தமான தண்ணிப் போத்தல் ஒண்டு கொண்டுபோய், அதையும் அங்கேயே வடிச்சு எடுத்து வாங்கோ. அதில் கடற்பசுவின்ரை டீ.என்.ஏ. வந்தால் அண்டைக்கு எடுத்த முழுவதையும் எறிய வேண்டியதுதான்.