டூரிங் கார் ரேஸில் உரசல்: எதுவரை பந்தயம், எங்கிருந்து குற்றம்?

வளைவு_நோக்கி (கேள்வி)

வணக்கம். டூரிங் கார் ரேஸில் (சாலைக் கார் மாடல்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டுவது) சுற்றுக்குச் சுற்று கதவும் கதவும் உரசுகிறது, பம்பர் தொங்குகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. இன்னொரு ரேஸில் பின்னால் லேசாகத் தொட்டவருக்கு 10 வினாடி தண்டனை. விதிப்புத்தகத்தைத் திறந்தால் ‘போதிய அளவு பக்கவாட்டில்’, ‘நியாயமான இடம்’ என்று வழவழவென்று எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரியவேண்டியது மூன்று:

1. உள்பக்கம் புகுந்து முந்தும்போது, எந்தக் கட்டத்தில் அந்த வளைவில் எனக்கும் பங்கு உண்டு என்று ஆகிறது?
2. முன்னால் போகிறவரைத் தட்டிவிட்டேன், அவர் சுழன்றுவிட்டார். அடுத்த 10 வினாடியில் என்ன செய்யணும்?
3. அடி வாங்கிய காரைத் தொடர்ந்து ஓட்டலாமா, பிட்டுக்குள் (ரேஸ் நடுவே காரைப் பழுதுபார்க்கும் இடம்) கொண்டுவரணுமா என்று ஓட்டிக்கொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது?

‘உரசினால்தான் ரேஸ்’ என்ற பதில் வேண்டாம். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

---

லேட்_பிரேக்கர்

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், அதுவே நீளும்.

எல்லாத் தொடருக்கும் பொதுவான ஒரே கோடு கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்ளும் அளவு இது: முன்னால் இருப்பவர் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது உங்கள் முன்சக்கரம் அவருடைய கதவருகே, அதாவது அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேராக வந்திருக்கணும். எஃப்1க்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) வகுத்த வழிகாட்டுதலில் இன்னும் கறார்: உள்பக்கம் வருபவரின் முன் அச்சு, ஏபெக்ஸுக்கு (வளைவின் உள்ஓரத்தைத் தொடும் புள்ளி) முன்பும் ஏபெக்ஸிலும், மற்றவரின் பக்கக் கண்ணாடிக்கு நேராகவாவது இருக்கணும். உங்கள் மூக்கு அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கு அங்கே பங்கு இல்லை. அவர் உங்களைப் பார்த்திருக்கவே முடியாது. பாதுகாப்புக் கூண்டின் குழாய்க்கும் சீட்டின் தலைக்காப்புக்கும் இடையே கழுத்தைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. கண்ணாடியில் விழாத இடத்தில் இருந்துகொண்டு ‘நான் அங்கேதான் இருந்தேன்’ என்று சொல்வதில் பயனில்லை.

முந்துவது என்பது வளைவில் நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது முந்தின வளைவின் வெளியேற்றத்திலேயே தொடங்குகிறது. அங்கே ஆக்ஸிலரேட்டரை அரைக் கார் நீளம் முன்னதாக மிதிக்க முடிந்தால்தான் நேர்கோட்டின் கடைசியில் பக்கவாட்டில் வர முடியும். பிரேக் போர்டு (வளைவுக்கு எத்தனை மீட்டர் என்று காட்டும் பலகை) வருவதற்கு முன்பே காரை வெளியே எடுத்துக் காட்டிவிடுங்கள். பிரேக் மிதித்த பிறகு எடுத்தால் அது முந்தல் இல்லை, பாய்ச்சல்.

பாய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 180 கி.மீ. என்றால் வினாடிக்கு 50 மீட்டர். 180-லிருந்து 80-க்கு, சுமார் 1.1 ஜி (புவியீர்ப்பைப் போல 1.1 மடங்கு) பிரேக்கில், ஏறக்குறைய 93 மீட்டர் வேண்டும். நீங்கள் 10 மீட்டர் பிந்தி, அதாவது 0.2 வினாடி பிந்தி மிதித்தால், அவர் 80-ல் திரும்பும் அதே இடத்தில் நீங்கள் 96-ல் இருப்பீர்கள். அந்த 16 கி.மீ. எங்கே போகும்? ஒன்று ஏபெக்ஸைத் தாண்டி வெளிப்பக்கம் வழுக்கும், இல்லாவிட்டால் அவருடைய கதவில் போய்ச் சேரும். உள்பக்கக் கோடு இறுக்கமானது என்பதால் அங்கே 80 கூட அதிகம். 75-க்கு இறங்கியாகணும். ஆகவே உள்பக்கம் போகிறவர் பிந்தி மிதிப்பதற்கே கணக்கில் இடம் குறைவு. ‘டைவ் பாம்’ (பிந்தி மிதித்து உள்பக்கம் பாய்வது) எல்லாம் மற்றவர் ஒதுங்கிக் கொடுத்ததால்தான் வெற்றி ஆகிறது. அவர் ஒதுங்காத நாளில் அதே நகர்வு விபத்து.

வெளிப்பக்கம் முந்துவது வேறு கதை. பக்கத்தில் இருந்தால் வெளியேற்றத்தில் ஒரு கார் அகலம் உங்களுக்கு உரியது. ஆனால் அரை நீளம் பின்தங்கிவிட்டால் உங்களைக் கெர்ப் (தட ஓரத்து மேடு) பக்கம் தள்ளுவார்கள், அதைப் பெரும்பாலும் ஸ்டீவர்டுகள் (ரேஸ் நடுவர்கள்) விட்டுவிடுவார்கள். கடைசி நொடி வரை பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி அவருக்குப் பின்னால் உள்பக்கம் வெட்டினால் அடுத்த நேர்கோட்டில் வேகம் உங்களிடம் இருக்கும்.

---

நீலக்_கொடி

தடுக்கும் பக்கத்தையும் சொல்லணும். எஃப்ஐஏ விளையாட்டுச் சட்டத்தின் ‘எல்’ பின்னிணைப்பில் இது தெளிவாக இருக்கிறது. இடத்தைக் காக்க ஒரே ஒரு முறைதான் திசை மாற்றலாம். உள்பக்கம் காத்துவிட்டு ரேசிங் லைனுக்கு (வளைவை வேகமாகக் கடக்கும் வழக்கமான பாதை) திரும்பும்போது, வளைவை நெருங்கும் இடத்தில், தடத்தின் ஓரத்துக்கும் உங்கள் காருக்கும் நடுவே ஒரு கார் அகலமாவது விட்டிருக்கணும். ஒருவரைத் தடத்துக்கு வெளியே வேண்டுமென்றே நெருக்குவது தடை. ஓரத்து வெள்ளைக்கோடு தடத்தைச் சேர்ந்தது, கெர்ப் சேராது.

நடைமுறையில் பெரிய சண்டை வருவது பிரேக் மிதித்த பிறகு நகர்வதால்தான். பின்னால் வருபவர் பிரேக்கை முழுக்க மிதித்துவிட்டார் என்றால் அவரால் வேறு கோட்டுக்கு மாற முடியாது. டயரின் பிடி மொத்தமும் நிறுத்துவதற்கே செலவாகிறது. அந்த நேரத்தில் குறுக்கே போனவர் பின்னால் முட்டு வாங்கினால், முட்டியவர்மேல் மட்டும் பழி போகாது.

ஒரு சுற்று பின்தங்கியவர்கள் கவனத்துக்கு: நீலக்கொடி (முந்த வருகிறவருக்கு வழி விடச் சொல்வது) பார்த்ததும் பதறி ஓரம் போகாதீர்கள். உங்கள் கோட்டிலேயே போங்கள், நேர்கோட்டில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். எந்தப் பக்கம் போவது என்று முந்துபவர் முடிவு செய்துகொள்வார். வழி விடுகிறேன் பேர்வழி என்று திடீரென ஒதுங்கித்தான் பாதி மோதல்.

---

ஸ்டீவர்டு_மேசை

இரண்டாவது கேள்வி. முதலில், தட்டினால் ஏன் சுழல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நேர்கோட்டில், பம்பரும் பம்பரும் நடுவில் சேர்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிரேக் மிதிக்கும்போது எடை முன்னால் போய்விடும், பின்சக்கரங்கள் கிட்டத்தட்ட அந்தரத்தில். முன்சக்கர இழுவைக் காரில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. அதோடு கார் திரும்பவும் தொடங்கியிருந்தால், பம்பரின் ஓரத்தில் விழும் சின்னத் தட்டு போதும், வால் சுற்றிவிடும். முதல் சுற்றில் பின் டயர்களும் சூடாகியிருக்காது. ‘லேசாத்தானே தொட்டேன்’ என்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் தொட்ட இடமும் நேரமும்தான் குற்றம்.

தட்டிவிட்டீர்கள், அவர் இடம் இழந்தார் என்றால், முந்தாமல் பின்னாலேயே நில்லுங்கள். ஏற்கெனவே முந்தியிருந்தால் அடுத்த நேர்கோட்டில், பின்னால் வரும் கூட்டத்துக்குக் குறுக்கே போகாமல், ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி அவரை முன்னால் விடுங்கள். திரும்பக் கொடுத்தேன் என்று பிட் சுவரில் இருக்கும் உங்கள் அணிக்கு ரேடியோவில் சொல்லுங்கள், அவர்கள் ரேஸ் கன்ட்ரோலுக்குச் சொல்வார்கள். ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, ‘ரிட்ரெஸ்’. ஆனால் அவர் சுழன்று பத்து இடம் பின்னால் போய்விட்டால் திரும்பக் கொடுக்க ஒன்றும் இல்லை. காத்திருந்து உங்கள் ரேஸையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள், தண்டனை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தடத்தின் நடுவில் அவருக்காக மெதுவாக்குவது மட்டும் கூடவே கூடாது. அதில் மூன்றாவது ஆள் அடிபடுவார்.

ஸ்டீவர்டு அறைக்குள் நாங்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றுதான். பிரேக் மிதிக்கும்போது எவ்வளவு பக்கவாட்டில் இருந்தீர்கள்? தட்டாமலே அந்த வளைவை நீங்கள் முடித்திருக்க முடியுமா? தட்டியதால் யாருக்கு லாபம்? இரண்டாவதுதான் உயிர்நாடி. உங்கள் கார் ஏபெக்ஸைத் தொடவே இல்லை, மற்றவரின் கதவைச் சுவராக வைத்துத்தான் திரும்பியது என்று உள்கேமரா காட்டினால் வாதாட ஒன்றும் மிச்சமில்லை. பிரேக்கில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டதா என்று பார்ப்போம், டேட்டாவில் பிரேக் அழுத்தமும் ஸ்டீயரிங் கோணமும் பார்ப்போம். ஆகவே கேமரா கார்டை அழிக்காதீர்கள். காட்சி இல்லாதவரின் வாதம் எப்போதுமே இளைத்ததுதான்.

எதிராளியின் கராஜுக்குப் போகாதீர்கள். ரேஸ் முடிவுப் பட்டியலை எதிர்த்து ஆட்சேபம் (புரொடெஸ்ட்) என்றால், எஃப்ஐஏ சட்டப்படி தற்காலிக முடிவுகள் வெளியான 30 நிமிடத்துக்குள் எழுத்தில் கொடுக்கணும். அந்த அரைமணி நேரத்தைக் கத்துவதில் செலவழித்தவர்கள்தான் அதிகம்.

வேண்டுமென்றே செய்வது தனி ரகம். 2015 டிடிஎம் (ஜெர்மன் டூரிங் கார் தொடர்), ரெட் புல் ரிங், கடைசிச் சுற்று: தள்ளிவிடச் சொல்லும் குரல் ஆடி அணி ரேடியோவில் கேட்டது. டிமோ ஷைடர் பின்னாலிருந்து இடித்ததில் மெர்சிடிஸ்காரர்கள் ராபர்ட் விக்கன்ஸும் பாஸ்கல் வேர்லைனும் தடத்தை விட்டுப் போனார்கள். ஷைடர் தகுதிநீக்கம், ஆடிக்கு 2 லட்சம் யூரோ அபராதம். அந்த வருடப் பட்டம் வேர்லைனுக்கே போனது என்பது வேடிக்கை.

---

உரசல்_ரசிகன்

மேலே எல்லாரும் ரொம்பச் சைவமாகப் பேசுகிறீர்கள். 1992-ல் சில்வர்ஸ்டோனில் பிடிசிசி (பிரிட்டிஷ் டூரிங் கார் தொடர்) கடைசி ரேஸில் ஜான் கிளீலண்டும் ஸ்டீவ் சோப்பரும் மோதிக்கொண்டு இருவருமே வெளியே போக, பட்டம் டிம் ஹார்விக்குப் போனது. முப்பது வருடம் தாண்டியும் ஜனங்கள் பேசுவது அதைத்தானே? கதவுக்குக் கதவு உரசக் கூடாது என்றால் எஃப்1 பார்த்துவிட்டுப் போகலாம்.

---

லேட்_பிரேக்கர்

கதவுக்குக் கதவு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே ஜி. இரண்டு பேரும் இணையாகப் போகும்போது தகடு தகட்டில் உரசினால் வேகமும் திசையும் பெரிதாக மாறாது, பெயிண்ட்தான் போகும். சக்கரமும் சக்கரமும் சேர்வதும், பின் ஓரத்தில் மூக்கு படுவதும்தான் ஆபத்து. பட்ட கார் எங்கே போகும் என்பது அந்த இரண்டிலும் யார் கையிலும் இல்லை.

---

பிட்லேன்_ஸ்பானர்

மூன்றாவதை யாரும் தொடவில்லை, அது நம்ம பிழைப்பு.

அடிபட்ட பிறகு வரும் முதல் நேர்கோட்டில் ஸ்டீயரிங்கைப் பாருங்கள். கார் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் ட்ராக் ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) அல்லது சஸ்பென்ஷனின் கீழ் ஆர்ம் வளைந்திருக்கிறது. கொஞ்சம் கோணல், ஆனால் மாறாமல் அப்படியே நிற்கிறது என்றால் ஓட்டி முடிக்கலாம், அந்தப் பக்க டயர் தேயும், அவ்வளவுதான். சுற்றுக்குச் சுற்று கோணல் கூடினால் ஏதோ விரிசல் விட்டு விலகுகிறது, உடனே உள்ளே வாருங்கள். 2021 டிடிஎம் சீசனின் கடைசி ரேஸ், நோரிஸ்ரிங் (அந்த வருடம் முதல் அது ஜிடி3 என்ற ஸ்போர்ட்ஸ் கார் வகையின் தொடர்). முதல் வளைவில் கெல்வின் வான் டெர் லிண்டெ உள்ளே பாய்ந்ததில் லியம் லாசனின் கார் சேதமாகி, பட்டம் 3 புள்ளியில் மாக்ஸிமிலியன் கோட்ஸிடம் போனது. சக்கரத்தில் விழும் அடி அப்படிப்பட்டது.

அடுத்து டயர். வளைவில் மட்டும் ‘ஸ்ஸ்ர்’ என்று சத்தமும் ரப்பர் புகையும் வந்தால் வளைந்த ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) டயரை அறுக்கிறது. பக்கவாட்டில் அறுபட்ட டயர் பெரும்பாலும் நேர்கோட்டின் உச்ச வேகத்தில்தான் வெடிக்கும். இதற்குப் பேச்சே இல்லை, பிட்டுக்கு வாங்க. நீள இரும்புக் கம்பியை ஆர்ச்சுக்குள் விட்டு வெளியே நெம்பினால் 20 வினாடி வேலை.

மூக்கு அடிபட்டால் ரேடியேட்டர், இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) இரண்டையும் கவனிக்கணும். தண்ணீர் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் முதலில் முன்னால் இருப்பவர் காற்றை மறைக்கும் நிழலிலிருந்து அரைக் கார் அகலம் பக்கவாட்டில் விலகி ஓட்டிப் பாருங்கள், காற்று படட்டும். இரண்டு சுற்றில் இறங்காவிட்டால் ஓட்டை. திடீரென்று வெப்பமானி கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், சென்சாரைத் தொடத் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். அப்போதே எஞ்சினை அணைத்துவிடுங்கள். டர்போ காரில் பவர் குறைந்து ‘புஸ்’ சத்தம் என்றால் இன்டர்கூலர் குழாய் கழன்றிருக்கும். ஓடும், ஆனால் இழுக்காது.

பம்பர் தரையில் இழுபட்டால் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக்கொடி உங்கள் எண்ணோடு வரும். பிட்டுக்குள் போயே ஆகணும். அங்கே ரேஸ் டேப்பும் பெரிய கேபிள் டையும்தான் வைத்தியம். டேப் ஈரத்திலும் எண்ணெயிலும் ஒட்டாது, முதலில் துடைக்கணும், பிறகு காற்று வரும் திசைக்கு இணங்க முன்னாலிருந்து பின்னாலே ஒட்டணும். அவசரத்தில் துடைக்க மறந்து ஒட்டியது அடுத்த சுற்றிலேயே பறக்கும், கொடியும் மறுபடி வரும்.

---

வளைவு_நோக்கி

ரொம்ப நன்றி. ஒரு உபகேள்வி: முதல் சுற்றில் யாரையும் முந்த முயலவே இல்லை, ஆனாலும் முன்னால் இருப்பவரின் பின்னால் போய் முட்டுவது ஏன் இவ்வளவு நடக்கிறது?

---

லேட்_பிரேக்கர்

அவருக்கு நேர்ப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதால். அவர் ஆக்ஸிலரேட்டரை விட்ட கணமே முகத்தில் அடிக்கும் காற்று அவரைப் பிடித்து இழுக்கும். நீங்கள் அவர் நிழலில் இருப்பதால் உங்களுக்கு அந்த இழுப்பு குறைவு, பிரேக் தொடும் முன்பே நெருங்கிவிடுவீர்கள். பிரேக் போர்டும் தெரியாது. அதோடு முதல் சுற்றில் கூட்டம் அக்கார்டியன் மாதிரி மடங்கும். முதல் ஆள் வழக்கத்தைவிட 10 மீட்டர் முன்னதாக மிதித்தால் பதினைந்தாவது ஆள் இன்னும் எவ்வளவோ முன்னதாக மிதித்தாகணும்.

முதல் சில வளைவுகளுக்கு அரைக் கார் அகலம் பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டுங்கள். அவருடைய காரின் ஜன்னல் கண்ணாடி வழியாக, அவருக்கு முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கைப் பாருங்கள். தப்புக் கணக்குப் போட்டாலும் மூக்கு காலி இடத்துக்குப் போகும், அவர் டிக்கிக்குப் போகாது. எந்தப் பக்கம் நகர்வது என்றால், அடுத்த வளைவின் உள்பக்கம் வேண்டாம். அங்கே பின்னாலிருந்து பாய்கிறவர் வருவார்.