மறு: ‘நியூட்ரலைஸ்’ – துருக்கிச் செய்திகளுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கம்: துருக்கியின் அனதோலு செய்தி முகமை ஆங்கிலத்தில் தரும் செய்திகளில், வட இராக்கிலோ வட சிரியாவிலோ இத்தனை பயங்கரவாதிகள் ‘நியூட்ரலைஸ்’ செய்யப்பட்டனர் என்று அடிக்கடி வரும். அதைத் தமிழில் எப்படித் தருவது என்பதுதான் கேள்வி.

> பாடநூலிலேயே ‘நடுநிலையாக்கல்’ இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, அது அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீருமாகிற விவகாரம். துப்பாக்கி ஏந்தியவரை நடுநிலையாக்கினால் அவர் சுவிட்சர்லாந்து ஆகிவிடுவார். அதோடு, நாம் பெயர்க்க வேண்டியது ஆங்கிலச் சொல்லை அல்ல. துருக்கியில் அது ‘எத்கிஸிஸ் ஹாலெ கெதிரில்தி’. ‘எத்கி’ என்றால் தாக்கம், விளைவு. ‘ஸிஸ்’ நம்முடைய ‘அற்ற’ போல ஒட்டிக்கொள்ளும் விகுதி. ‘ஹால்’ என்பது நிலை, அரபியிலிருந்து போனது. மொத்தத்தில் ‘தாக்கமற்ற நிலைக்குக் கொண்டுவரப்பட்டார்’. செயப்பாட்டு வினை, கொண்டுவந்தது யார் என்று வாக்கியத்தில் இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

> அப்படியானால் ‘செயலிழக்கச் செய்தல்’ அச்சுப்போலப் பொருந்துகிறது.

பொருந்துகிறது, மறுக்கவில்லை. நாம் வெடிகுண்டுக்கு அதைச் சொல்கிறோம். துருக்கியரும் குண்டைச் செயலிழக்கச் செய்வதற்கு இதே தொடரைத்தான் சொல்கிறார்கள். பொருளுக்கு உரிய சொல் மனிதருக்கு ஏறியிருக்கிறது என்பது தமிழிலும் அப்படியே தெரியும். ஆனால் ‘ஐந்து பேர் செயலிழக்கச் செய்யப்பட்டனர்’ என்று படிப்பவர், ஐவரும் உயிரோடு மருத்துவமனையில் கிடப்பதாக நினைத்துக்கொள்வார். ‘முடக்கப்பட்டனர்’ என்பதிலும் இதே தொல்லை. வங்கிக் கணக்கும் முடங்கும், நாடாளுமன்றமும் முடங்கும்.

இந்தத் தொடருக்கு முன்னால் இருந்ததையும் பார்க்க வேண்டும். 1990களின் துருக்கி நாளிதழ்களில் பெருவழக்காக இருந்தது ‘ஒலூ எலெ கெச்சிரில்தி’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பிணமாகக் கைப்பற்றப்பட்டார்’. கொடூரமான தொடர்தான், ஆனாலும் ஆள் இறந்துவிட்டார் என்பதை அது மறைக்கவில்லை. பின்னால் பரவிய ‘எத்கிஸிஸ்’ அதையும் எடுத்துவிட்டது. அனதோலுவே தன் ஆங்கிலச் செய்திகளில் ஒரு விளக்க வரி சேர்ப்பதுண்டு: இந்தச் சொல்லை அதிகாரிகள் ஆளும்போது, அவர்கள் சரணடைந்தார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள் என்று பொருள். ஒரே எண்ணுக்குள் மூன்று விதி. 2015 ஜூலையில் துருக்கி அரசுக்கும் குர்து ஆயுத அமைப்பான பிகேகேவுக்கும் இடையிலான அமைதிப் பேச்சு முறிந்தபின் நடந்த மோதல்களில் இறந்தவர்களை, சர்வதேச நெருக்கடிக் குழு என்ற ஆய்வு அமைப்பு தனியாகக் கணக்கெடுத்து வந்தது. அந்தக் கணக்கும் அங்காரா சொல்லும் எண்களும் ஒத்துப்போவதில்லை. இரண்டும் ஒரே பொருளை எண்ணவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

ஆகவே என் முன்மொழிவு: களநீக்கம். பதவிநீக்கம் என்ற சொல்லின் வார்ப்பில் வந்தது. செத்தாலும், பிடிபட்டாலும், சரணடைந்தாலும் ஆள் களத்தில் இல்லை. அந்த மூன்றுக்கும் பொதுவானது அது ஒன்றுதான். அரசாணை வாடையும் அடிக்கிறது, மூலத்திலும் அப்படியே.

> கிரிக்கெட்டில் ஆட்டக்காரரை வெளியே அனுப்பியது போல இருக்கிறது அண்ணா :-)

இருக்கட்டுமே. அங்கே ‘களத்தடுப்பு’ இருப்பதால் போர்க்களம் நம்மை விட்டுப் போய்விடவில்லை. ‘வேட்டையாடப்பட்டனர்’, ‘ஒழித்துக்கட்டினர்’ என்று நம் நாளிதழ்களில் வருவதைவிட இது தேவலாம். அவை கொலை என்ற ஒரு பொருளை மட்டும் தருகின்றன, அதையும் கைதட்டிக்கொண்டே தருகின்றன.

> அரசின் மழுப்பல் சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘கொல்லப்பட்டனர்’ என்று நேரே எழுதிவிட்டால் என்ன?

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்ட இந்தக் கேள்விதான் இழையிலேயே கனமானது. முதல் பதில்: அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. மூன்று பேர் சரணடைந்திருந்தால் நாம் மூன்று பொய் எழுதியவர்களாவோம். இரண்டாவது, துருக்கியில் சொல்லைத் தேர்வது செய்தியாளர் கையில் மட்டும் இல்லை. 1991இல் வந்த 3713ஆம் எண் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பயங்கரவாத அமைப்புக்குப் பரப்புரை செய்வதைக் குற்றமாக்குகிறது. செய்தியாளர்கள் பலர்மீது அந்தப் பிரிவில் வழக்கு வந்திருக்கிறது. அதனால் அங்கே எழுதுபவர் ‘கெரில்லா’ என்று எழுதினாலும் விலை உண்டு. 2011 டிசம்பர் 28 இரவு, துருக்கியின் ரொபோஸ்கி கிராமத்தருகே இராக் எல்லையில் எரிபொருள் கடத்தி வந்த 34 குடிமக்கள், பெரும்பாலும் இளைஞர்களும் சிறுவர்களும், துருக்கிப் போர் விமானத் தாக்குதலில் இறந்தார்கள். பெரிய தொலைக்காட்சிகள் படைத் தலைமையகத்தின் அறிக்கை வரும்வரை பல மணி நேரம் வாய் திறக்கவில்லை. இறந்தவர்களுக்கு என்ன பெயர் என்று மேலிருந்து வராமல் செய்தியே இல்லை.

இப்படி வந்த ஒரு சொல்லை நாம் ‘கொல்லப்பட்டனர்’ என்று சரிசெய்து கொடுத்தால், அந்தச் சூழல் நம் வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். அறிக்கையை மேற்கோள் காட்டும்போது ‘களநீக்கம் செய்ததாகத் துருக்கிப் பாதுகாப்பு அமைச்சகம் கூறியது’ என்று எழுதுவோம். நாமே விவரம் அறிந்து எழுதும்போது கொல்லப்பட்டார், பிடிபட்டார், சரணடைந்தார் என்று பிரித்து எழுதுவோம். நம் சொந்த வாக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. இது என் உறுதியான கருத்து.

இது வெறும் நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு: 2021 பிப்ரவரியில், வட இராக்கின் காரா பகுதிக் குகை ஒன்றில் 13 துருக்கியப் பிணையாளர்கள் கொல்லப்பட்டார்கள். பிகேகேதான் கொன்றது என்று வரும் செய்தி உறுதியானால் கண்டிக்கிறோம் என்றது அமெரிக்க வெளியுறவுத் துறை. அந்த ‘உறுதியானால்’ போதுமானதாக இருந்தது. அமெரிக்கத் தூதர் அழைக்கப்பட்டார், துருக்கி அதிபர் எர்தோவான் கொதித்தார், வாஷிங்டன் பிறகு பொறுப்பு பிகேகேவுடையதே என்று ஏற்றுக்கொள்ள வேண்டிவந்தது.

2022 ஜூன் 28 மாட்ரிட் உடன்படிக்கையும் அப்படித்தான். சுவீடனும் பின்லாந்தும் நேட்டோவில் சேரத் துருக்கி சம்மதித்த தாள் அது. பிகேகே தடைசெய்யப்பட்ட பயங்கரவாத அமைப்பு என்று அதில் நேரடியாக ஒப்புக்கொண்டார்கள். சிரியாவின் குர்துப் படையான ஒய்பிஜிக்கு ஆதரவு தரமாட்டோம் என்றார்கள், பயங்கரவாத அமைப்பு என்ற பட்டத்தை மட்டும் அதற்குச் சூட்டவில்லை. மதகுரு ஃபெதுல்லா குலெனின் இயக்கமோ, ‘துருக்கியில் ஃபெட்டோ என்று விவரிக்கப்படும் அமைப்பு’. ஒரே தாளில் மூன்று அளவு ஒப்புதல். அனதோலு ‘ஒய்பிஜி/பிகேகே’ என்று சாய்கோடு போட்டு, இரண்டும் ஒன்றே என்பதுபோல எழுதுவதையும், மேற்கு முகமைகள் அதே ஆட்களை ‘அமெரிக்க ஆதரவுப் படை’ என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்தச் சாய்கோட்டைத் தமிழில் பெயர்க்கும்போது தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

> பிகேகே 2025 மே மாதமே கலைந்துவிட்டதாக அறிவித்துவிட்டது. இனி இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறதா என்று அக்கா கேட்கச் சொன்னார்.

அக்காவிடம் சொல்லுங்கள், இருக்கிறது. ஐஎஸ் மீதான நடவடிக்கைச் செய்திகளிலும் இதே சொல் வருகிறது, பத்தாண்டுச் செய்திக் கிடங்கும் பெயர்ப்புக்குக் காத்திருக்கிறது. பேச்சு தொடங்கியபின்னும் பெயர்ச் சண்டை ஓயவில்லை. அரசு இந்த முயற்சியை ‘தெரோர்ஸுஸ் துர்கியெ’ என்கிறது, அதாவது பயங்கரவாதமற்ற துருக்கி. அதே ‘அற்ற’ விகுதி. பிகேகே நிறுவனர் ஓஜலான் சிறையிலிருந்து 2025 பிப்ரவரியில் விடுத்த அழைப்போ ‘அமைதிக்கும் ஜனநாயகச் சமூகத்துக்குமான’ அழைப்பு. எந்தப் பெயரைத் தலைப்பில் போடுகிறோம் என்பதிலேயே யார் பக்கத்துச் செய்தி என்று தெரிந்துவிடும்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு இப்படித் தரலாம் என்று நினைக்கிறேன்:

களநீக்கம் (பெ.): ஆயுதம் ஏந்தியவர்கள் கொல்லப்பட்டதை, பிடிக்கப்பட்டதை அல்லது சரணடைந்ததைப் பிரித்துக் காட்டாமல் குறிக்கும் அரசு வழக்கு. மேற்கோளில் மட்டும் ஆள்க.

‘களநீக்கினர்’ என்ற வினை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, ‘களநீக்கம் செய்தனர்’ போதும். வேறு கருத்து இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். ‘யாயின் யாசாயி’, அதாவது குண்டுவெடிப்புக்குப் பின் ஊடகங்கள்மீது வரும் ஒளிபரப்புத் தடை, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கேயே கலக்க வேண்டாம்.

அன்புடன்