பரோக்னா கத்தோலிக்க ஸ்டைல்னா, பாக் எப்படி உள்ள வந்தாரு?

அடையார்_ஆலமரம் கேட்டது:

போன மாசம் அப்பா அம்மாவ கூட்டிட்டு ஒரு பேக்கேஜ் டூர்ல ரோம் போயிட்டு வந்தோம். அங்க ஜெசுன்னு ஒரு சர்ச், சேசு சபைன்னு கத்தோலிக்க துறவிங்க சபையோட தலைமை சர்ச்சாம், உள்ள போய் அண்ணாந்து பாத்தா சீலிங் பிச்சுக்கிட்டு வானம் தெரியற மாதிரி வரைஞ்சு வச்சிருக்காங்க, நடுவுல ஒரே தங்க வெளிச்சம், சுத்தி தேவதைங்க, பாவிங்க எல்லாம் ஃப்ரேம தாண்டி நம்ம தலை மேலயே விழற மாதிரி. எங்கம்மா மதுரைக்காரங்க, பெரிய கோயில் பாக்காதவங்க இல்ல, அவங்களே ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "என்னடா இது தி.நகர் நகைக்கடை மாதிரி இருக்கு, சாமி கும்பிடற எடத்துல எதுக்கு இவ்ளோ பவுசு"ன்னுட்டாங்க. இதுதான் பரோக், போப்ப எதிர்த்து பிரிஞ்ச லூத்தர் பின்னாடி போன ஜனங்கள திரும்ப இழுக்க கத்தோலிக்க சர்ச் புடிச்ச வழின்னு கைடு சொன்னாரு. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

இங்க வந்தா என் பொண்ணு கீபோர்டுல பாக்னு ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரோட பீஸ் வாசிக்கறா, அவ மிஸ் இது பரோக் பீரியட்ங்கறாங்க. பாக் லூத்தரன் ஆச்சே? எதிர்க்கட்சி ஆளுக்கும் அதே பேரு எப்படி? யாராவது கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

கல்லும்_சுண்ணாம்பும்:

கைடு சொன்னது பாதி சரி. திரெந்து பொதுச்சங்கம்னு கத்தோலிக்க ஆயருங்க கூடின மாநாடு 1545ல ஆரம்பிச்சு விட்டு விட்டு 1563 வரைக்கும் நடந்துச்சு, கடைசியா படம் சிலை பத்தி ஒரு தீர்மானம் போட்டாங்க. படம் வச்சுக்கலாம், படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு சொல்லிக்குடுக்க ஆகும், ஆபாசமா மட்டும் இருக்கக் கூடாது. அவ்ளோதான், தங்கத்த பூசு மேகத்த பறக்கவிடுன்னு யாரும் சொல்லல. நீங்க பாத்த ஜெசு சர்ச்சே 1568ல ஆரம்பிச்சு 1584ல முடிச்சது, அப்ப உள்ள சுவரு எல்லாம் சாதாரணமா தான் இருந்துச்சு. உங்கம்மா நகைக்கடைன்னு சொன்ன அந்த சீலிங் கவுல்லிங்கற ஓவியர் வரைஞ்சது, 1670கள்ல. நடுவுல கிட்டத்தட்ட நூறு வருஷம். அதனால அத பயத்துல பண்ண வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், நிமிர்ந்துட்டோம்ங்கற தெம்புல பண்ணது.

இன்னொண்ணு, அம்மா மதுரைன்னு சொன்னீங்கல்ல, அங்கயே இதுக்கு சரியான ஜோடி இருக்கு. 1623ல ரோம்ல எட்டாம் உர்பன் போப் ஆனாரு, அதே 1623ல தான் மதுரைல திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்ல, ஆனா பண்ணது பூரா ஒரே மாதிரி. போப் பெர்னினிங்கற சிற்பிய கூப்பிட்டு பேதுரு பேராலயத்துல பலிபீடத்துக்கு மேல முறுக்கு தூண் வச்சு 29 மீட்டர் உயரத்துக்கு ஒரு வெண்கல பந்தல் போட்டாரு, அதுல அங்கங்க தேனீ ஒட்டியிருக்கும், தேனீ அவரு குடும்ப சின்னம். பழைய பாந்தியன் கோயில் முகப்பு வெண்கலத்த பேத்து எடுத்ததும் அவரு தான், பீரங்கி வார்க்க. பார்பேரியன் (காட்டுமிராண்டி) செய்யாதத பர்பெரினி செஞ்சுட்டான்னு ஊரே சிரிச்சுது, பர்பெரினி அவரு குடும்பப் பேரு.

நாயக்கரு என்ன பண்ணாரு? புது மண்டபம் கட்டி சாமிக்கு முன்னாடி தன்னோட சிலையயும் முன்னோர் சிலையயும் ஆளுயரத்துக்கு நிறுத்தினாரு. ரோம்ல கொர்னாரோ சேப்பல்னு ஒண்ணு, பெர்னினி 1647லேர்ந்து 1652 வரைக்கும் பண்ணது, நடுவுல புனித தெரேசா மெய்மறந்து சாஞ்சிருக்காங்க, மேல மறைவா ஒரு ஜன்னல், வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. ரெண்டு பக்க சுவத்துலயும் காசு குடுத்த கொர்னாரோ குடும்பத்து ஆளுங்க, நாடகக் கொட்டகை பால்கனில உக்காந்த மாதிரி. இதுல சில பேரு தெரேசாவ பாக்கக் கூட இல்ல, தங்களுக்குள்ள பேசிட்டிருக்காங்க 😄 சபால முதல் வரிசை பாஸ் வாங்கினவங்கள பாத்திருப்பீங்களே, அதே தான்.

ஓரமா_நிக்கறவன்:

அப்ப கட்அவுட் கலாச்சாரம்னு சொல்லிட்டு போங்க, பக்தி எல்லாம் எதுக்கு இழுக்கறீங்க. பிரான்ஸ பாருங்க, பதினாலாம் லூயி பதினாலு வயசுல 1653ல சூரியன் வேஷம் கட்டி மேடைல ஆடுனான், அந்த பேர கடைசி வரைக்கும் விடல. வெர்சாய் அரண்மனைல 357 கண்ணாடி பதிச்சு 73 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஹால். 1682ல அரசவையவே அங்க மாத்தி பிரபுங்கள எல்லாம் கண்ணு முன்னாடியே வச்சுக்கிட்டான், ஊர்ல உக்காந்து கலகம் பண்ண முடியாதுல்ல. 1685ல புராட்டஸ்டன்ட்காரங்களுக்கு தாத்தா குடுத்திருந்த உரிமைய புடுங்கிட்டான். மியூசிக் பூரா லுல்லின்னு அரசவை இசையமைப்பாளர் கைல. அந்தாளு ராஜா ஆபரேஷன் ஆகி பொழச்சதுக்கு நன்றிப்பாட்டு நடத்தும்போது தாளம் தட்டுற கம்பால தன் கால் விரல்லயே குத்திக்கிட்டு அது அழுகி 1687ல செத்தே போனாரு. ராஜ விசுவாசம்னா இது.

பெரம்பூர்_டெனர்:

கட்அவுட்னு ஒரே வார்த்தைல முடிச்சிடாதீங்க ப்ரோ. நான் சர்ச் குவயர்ல பாடறவன், பாக் பத்தி நான் சொல்றேன்.

லூத்தருக்கு போப் கூட தான் சண்டை, பாட்டு கூட இல்ல. போப்ப எதிர்த்த இன்னொருத்தர் கால்வின், அவரு பக்கம் தான் வாத்தியமே வேணாம், பைபிள்ல இருக்கற சங்கீதப் பாட்டு மட்டும் பாடுன்னாங்க. லூத்தர் ஜனங்க அவங்க பாஷைலயே சேர்ந்து பாடணும்னாரு, அந்த பாட்டுங்க தான் கோரல். பெரிய வெள்ளிக்கிழமை நம்ம லூத்தரன், சி.எஸ்.ஐ சர்ச்ல "இரத்தம் காயம் குத்தும்"னு ஆரம்பிக்கற பாட்டு கேட்டிருப்பீங்க, எங்க பாட்டி அத கண்ண மூடிட்டே பாடும். அந்த மெட்டு 1601ல ஹாஸ்லர்னு ஒருத்தர் போட்ட காதல் பாட்டு! அப்புறம் அதே மெட்டுல பவுல் கெர்ஹார்ட் 1656ல ஜெர்மன்ல சிலுவை பாட்டு எழுதினாரு, பாக் 1727ல லைப்சிக்ல இயேசு பட்ட பாட்ட சொல்ற மத்தேயு பாடுகள் இசை பண்ணும்போது அத அஞ்சு தடவ வேற வேற ஹார்மனில கொண்டு வர்றாரு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இருட்டு கூடும். பாக் ஓரமா_நிக்கறவன் சொல்ற மாதிரி ராஜாவுக்கு பண்ணல, அங்க உக்காந்திருந்த கடைக்காரங்க, மாணவருங்க, பெண்டு பிள்ளைங்க மனச கரைக்க பண்ணாரு.

ஆனா பெர்னினிக்கும் அவருக்கும் தொழில் ஒண்ணு தான். கேக்கறவன், பாக்கறவன் சும்மா புரிஞ்சுக்கிட்டா பத்தாது, நெஞ்சு அடிச்சுக்கணும். ஒருத்தரு வெளிச்சத்துல பண்ணாரு, ஒருத்தரு சுருதில பண்ணாரு. அதுக்கு தான் ஒரே பேரு.

நேர்மையா இதையும் சொல்லிடறேன், பாக் ஒண்ணும் முற்றும் துறந்தவர் இல்ல. 1733ல சாக்சனி நாட்டு தலைநகர் ட்ரெஸ்டன்ல புது இளவரசர் வந்தாரு, கத்தோலிக்கர், அவங்கப்பா போலந்து ராஜா ஆகணும்னு 1697ல மதம் மாறினவரு. லூத்தரன் பாக் அவருக்கு லத்தீன் பூசைப்பாட்டு ரெண்டு பகுதி எழுதி, எனக்கு அரசவை பட்டம் குடுங்கன்னு ஒரு லெட்டரும் வச்சு அனுப்பினாரு. 1736ல தான் கெடைச்சுது. மூணு வருஷம், கவர்மென்ட் ஃபைல் மாதிரியே.

அடையார்_ஆலமரம்:

காதல் பாட்டு மெட்டுன்னு தெரிஞ்சா எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன சொல்லுவாங்களோ. சரி, சென்னைல பரோக் பாக்க எங்க போகணும்? சாந்தோம் சர்ச்சா?

கல்லும்_சுண்ணாம்பும்:

சாந்தோம் இல்லீங்க, அது 1896ல முடிச்ச நியோ கோதிக், கூம்பு கோபுரத்த பாத்தாலே தெரியும். கோட்டைக்குள்ள புனித மேரி சர்ச் 1680, பீரியட் சரி தான், ஆனா கம்பெனிக்காரங்க கட்டினது, குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு கெட்டியா வளைச்ச கூரை, பவுசெல்லாம் கெடையாது. கொஞ்சம் தூரம் பரவால்லன்னா கோவால பொம் ஜேசு, 1605ல அர்ச்சிப்பு பண்ணது, அதுவும் சேசு சபையோடது தான்.

தமிழ்_வாத்தி:

கட்டடத்த விடுங்க, மெரினாக்கு போங்க. 1968 உலகத்தமிழ் மாநாட்டுக்கு வச்ச சிலைங்கள்ல வீரமாமுனிவர் நிக்கறாரு இல்ல? பெஸ்கி, 1680ல இத்தாலில பொறந்தவரு, பாக்க விட அஞ்சு வயசு பெரியவரு, நீங்க பாத்த ஜெசு சர்ச்சோட அதே சேசு சபை. அவரு சின்னப் பையனா இருந்தப்ப தான் ரோம்ல இன்னொரு சேசு சபை சர்ச் சீலிங்ல போட்ஸோங்கற ஓவியர் வரைஞ்சுகிட்டு இருந்தாரு, நாலு கண்டமும் அதுல வரும், ஆசியாவும் உண்டு. பெஸ்கி அந்த ஆசியாக்கே வந்து தேம்பாவணிய 1726ல எழுதினாரு, 3615 பாட்டு, சூசையப்பர் தான் ஹீரோ. யூதேயாவ வர்ணிக்கறேன்னு நம்ம மருத நிலத்த கொண்டு போய் அங்க விரிச்சு வச்சிருப்பாரு. மத்தவங்க பளிங்குல, பெயின்ட்ல பண்ணத இவரு விருத்தத்துல பண்ணாரு, என்னைக் கேட்டா நமக்குக் கெடைச்ச பெரிய பரோக் அது தான். நாட்டுப் படலம் மட்டும் படிச்சு பாருங்க, சண்டைக்கு அப்புறம் வர்றேன்.

அடையார்_ஆலமரம்:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட புது மண்டபம், ரோம், ரெண்டு குடும்பமும் தன் சிலைய தானே வச்சுக்கிட்ட கதை எல்லாம் சொன்னேன். "புது மண்டபத்துல டைலர் கடைங்க இருந்தப்ப நான் ஜாக்கெட் தைக்க குடுக்க போவேன்டா, டைலரு நேரத்துக்கு தர மாட்டான், அந்த டென்ஷன்ல நாயக்கர யாரு பாத்தா"ன்னாங்க.