ஒற்றைக்கதிர்க் கோரை: மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கரையோரன்:
இந்தக் கோரையின் அறிவியல் பெயரை, எலியோகாரிஸ் பலுஸ்ட்ரிஸ் என்று, ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை இல்லை. இலையே இல்லாத பச்சைத் தண்டு, உச்சியில் ஒரே ஒரு பழுப்புக் கதிர். எதைச் சொல்கிறேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

குளத்தின் ஒரு மூலையில் இரண்டு பாய் விரிக்கும் அகலத்துக்கு அது நின்றது. இலைகள் உதிர்ந்துபோன ஏதோ புல்லின் மிச்சம் என்று நினைத்தேன். கரையைச் சுத்தம் செய்யும் வேகம் வேறு. ஒரு தண்டைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் தள்ளி வேறொரு தண்டு தலையாட்டியது. அதை இழுத்தேன், அதற்கு அப்பால் மூன்று ஆடின. தையல் பிரிந்த துணியில் நூலைப் பிடித்து இழுப்பது போலச் சேற்றுக்குள்ளிருந்து பழுப்புக் கயிறு ஒன்று வந்துகொண்டே இருந்தது. அந்த மூலை முழுவதும் ஒரே செடியாக இருக்கலாம் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ கயிறு அறுபடாமல் வருகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அடுத்த பெருமழையில் அந்த மூலையின் கரை மட்டும் சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. மற்ற இடத்தில் ஒரு பிடி மண் கூட நகரவில்லை. அந்தத் தண்டு தலையாட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சேற்றுக்கால்:
உங்களுக்காவது கயிறு கிடைத்தது. நான் இல்லாத இரும்புக் குழாயைத் தேடி அரை நாள் தோண்டியவன்.

கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம், முழங்கால் வரை இறங்கியாயிற்று. மண்வெட்டியில் வந்த கட்டியை உடைத்தால் உள்ளே துரு. கறுப்புக்குள் செங்காவி நிறத்தில் மெல்லிய கோடுகள். பழைய குழாய் எங்கோ உளுத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டி இன்னும் தோண்டினேன். ஒவ்வொரு கட்டியிலும் அதே துரு. ஒரு கட்டியைத் தண்ணீரில் அலசிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஒவ்வொரு செங்கோட்டுக்கும் நடுவே இந்தக் கோரையின் வேர் ஒன்று இருந்தது.

தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள். காற்று அந்த வழியாக வேர் வரை இறங்கி, வேரின் ஓரத்தில் கொஞ்சம் வெளியே கசிகிறது. மற்றபடி பிராணவாயுவே இல்லாத சேறு அது. கசிந்த இடத்தில் சேற்றிலிருக்கும் இரும்பு துருப்பிடித்து, வேருக்கு உறை போட்டதுபோல் படிகிறது. குழாய் இருந்தது உண்மைதான், ஆனால் அது இரும்பில் செய்ததல்ல.

லென்ஸ்காரன்:
கரையோரன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘எல்லோருக்கும் தெரியும்’ என்கிறீர்களே, எனக்குத் தெரியவில்லை. இலையில்லாத் தண்டும் ஒற்றைக் கதிரும் இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. பலுஸ்ட்ரிஸ் என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

நானும் ஒரு முறை மூக்குடைபட்டவன்தான். கோரை என்றால் தண்டு முக்கோணமாக இருக்கும், விரலிடையில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இதை உருட்டினேன், பென்சில் போல வழவழவென்று உருண்டது. கணக்கெடுப்புத் தாளில், கோரை போலவே தெரியும் வேறு குடும்பத்துச் செடியான ‘ஜங்கஸ்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஜங்கஸ் பூவில் ஆறு இதழ்கள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும், காய்க்குள் நிறைய விதை இருக்கும். இதன் கதிரில் இருப்பதோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள். ஒரு செதிலுக்கு ஒரு பூ, ஒரு பூவுக்கு ஒரு விதை. அந்தத் தாள் இன்றும் ஏதோ ஒரு கோப்பில் என் கையெழுத்தோடு கிடக்கிறது. இரவில் நினைத்தால் தூக்கம் போய்விடும்.

ஆகவே தயவுசெய்து கதிரின் அடியைப் பாருங்கள். பூவில்லாத வெற்றுச் செதில் இரண்டு இருந்து, அடிச்செதில் கதிரின் சுற்றளவில் ஏறக்குறைய பாதியை மட்டும் தழுவினால் பலுஸ்ட்ரிஸ். ஒன்றே ஒன்று முழு வட்டமாக அணைத்திருந்தால் அது யூனிகுளூமிஸ், உப்புத்தன்மையுள்ள கரையோரங்களில் அதிகம் காணப்படுவது. விதையைப் பார்த்தால் இன்னும் தெளிவு: இருபுறமும் குவிந்த பழுப்பு மணி, தலையில் தொப்பி வைத்ததுபோல ஒரு குமிழ். பூவின் சூல்தண்டு வீங்கி உதிராமல் நின்றுவிடுவதுதான் அந்தத் தொப்பி. 1753இல் தாவரப் பெயரீட்டின் முன்னோடி லின்னேயஸ் இதை ‘ஸ்கிர்பஸ்’ என்று வேறு பேரினத்தில் வைத்தார், 1817இல்தான் இன்றைய பெயர் வந்தது. பெரியவர்களே மாற்றி எழுதிய செடி, அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

கரையோரன்:
லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆளாக இருந்தால் பிடுங்கியே இருக்க மாட்டேனே ஐயா. நான் சொல்ல வந்தது கரை சரிந்த கதை.

தட்டான்நேரம்:
பொழுது விடியும் முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். எதற்காகவென்று தட்டான் பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரிலிருந்து இளம்பூச்சி ஏறி வந்து தோலுரித்துத் தட்டானாக ஒரு குச்சி வேண்டும். குச்சி வழுக்கவும் கூடாது, தடித்தும் இருக்கக் கூடாது. இந்தத் தண்டு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது.

ஒன்று ஏறியது. முதுகு பிளந்தது. பாதி உடல் வெளியே வந்து, பின்பக்கமாக மல்லாந்து தொங்கியபடி அசைவே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்து நான் மூச்சை இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, அவ்வளவு பக்கத்தில் இருந்தேன். தண்டு ஆடியது. அந்த ஆட்டத்தில் பூச்சி விழுந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். விழவில்லை. மெதுவாக எழும்பித் தன் பழைய தோலையே பிடித்துக்கொண்டது.

பிறகு அதே தண்டைத் தடவிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே வரிசையாக ஊசி குத்திய தழும்புகள். ஏதோ ஒரு பெண்பூச்சி வால்நுனியால் துளைத்து உள்ளே முட்டை வைத்திருக்கிறது. ஏணியும் தொட்டிலும் ஒரே தண்டில். கரையோரன் அண்ணா, நீங்கள் பிடுங்கிய குவியலில் இப்படி எத்தனை தழும்பு இருந்ததோ. குத்திக்காட்டச் சொல்லவில்லை, மனதில் வந்ததைச் சொன்னேன்.

நாற்றுமேடை:
என் கதை இரண்டு வரி. விதையைத் தூவினேன், இரண்டு சாண் தண்ணீரைக் கட்டி வைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. மடை பழுதாகித் தண்ணீர் வடிந்தபோது, வெறும் சேற்றில் பச்சை மயிர் முளைத்ததுபோலக் கிளம்பியது.

இனி கரையோரனுக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கரை சரிந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன். விதையை நம்ப வேண்டாம். இதன் விதைக்கு வெளிச்சமும் ஈரமான வெற்றுச் சேறும் வேண்டும். குளிர்ச்சியில் சில வாரம் கிடந்தால் இன்னும் நல்லது. சேற்றுக்குள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கவும் அதற்குத் தெரியும், உங்கள் அவசரத்துக்கு எழாது. ஆகவே வேர்க்கிழங்கோடு சின்னத் துண்டாக எடுத்து நடுங்கள். இயற்கையாக நிற்கும் இடத்தில் ஒரே பக்கமாக வெட்டிக் குழி பறிக்காதீர்கள். அங்கொன்று இங்கொன்றாகக் கையளவு எடுத்தால் பக்கத்துத் தண்டுகள் மூடிவிடும். நட்டபின் தண்ணீர் அடித்தண்டை நனைக்கும் அளவுக்கு இருந்தால் போதும். புதுத் தண்டு உயர உயரத் தண்ணீரை உயர்த்துங்கள். நுனி முழுகிக் கிடந்தால் வேருக்குப் போகும் மூச்சு அடைபடும், சேற்றுக்கால் சொன்ன குழாய் அதுதான். வாத்தும் கூஸ் என்ற பெருவாத்தும் வரும் இடமென்றால் முதல் பருவம் முழுவதும் மேலே வலை கட்டுங்கள். வேர் பிடிக்காத செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவதில் அவற்றுக்கு என்ன இன்பமோ! உரம் போட்டுவிடாதீர்கள். போட்டால் வளர்வது பாசிதான். அலை நேரே அடிக்கும் கரையென்றால் முன்னால் ஏதாவது தடுப்பு வையுங்கள். செங்குத்தாகச் சரிந்த இடத்தில் நடாமல், முதலில் மண்ணைச் சாய்வாக்குங்கள். இன்னும் இருக்கிறது, தேவையென்றால் எழுதுகிறேன்.

மூன்றாம்மடை:
நாற்றுமேடை சொன்னதில் பாதி சரி. நடுவது பெரிய வேலையே இல்லை. நட்ட பிறகு தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

நாங்கள் நட்ட குளத்தில் முதல் ஆண்டு அழகாகப் பிடித்தது. பொறுப்பிலிருந்தவர்களுக்குத் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில், பளபளவென்று தெரிய வேண்டும். இறக்கலாமே என்று சொன்னால், குளம் என்றால் தண்ணீர் இருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். ஏறி இறங்கும் தண்ணீரில்தான் இந்தக் கோரை மற்றவற்றை முந்தும். வேர் பிடித்தபின் சில மாதம் முழுகும், சில மாதம் ஈரச்சேற்றில் நிற்கும், இரண்டும் அதற்குச் சம்மதம். நிலையான தண்ணீர் என்றால் உயரமானவன் ஜெயிப்பான். மூன்றாம் ஆண்டு சம்புப் புல் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. நடுவே புகுந்து தேடினேன். நிழலில் வெளுத்துப்போன ஏழெட்டுத் தண்டுகள், கதிர் ஒன்றுகூட இல்லை. எதிர்க்கரையில் மாட்டுக் குளம்பு மிதித்துப் பள்ளமான இடத்தில், யாரும் நடாமலேயே அது கொழுத்து நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஈரக்காலுறை:
மிகச் சிறியது என்னுடையது. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் துணியில் மணல்போல ஏதோ அப்பியிருந்தது, தட்டினால் விழவில்லை. லென்ஸ்காரனின் தொப்பிக்காரர்கள்தான். விதையைச் சுற்றி முள்மயிர்கள், அவற்றில் கீழ்நோக்கிய கொக்கிகள். பறவைச் சிறகுக்குப் போட்ட கொக்கியில் நான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஒரு மாலை போனது.

கரையோரன்:
எல்லாவற்றையும் படித்தேன். நாற்றுமேடைக்கு நன்றி, ஆனால் நடவில்லை, அதற்கு அவசியம் வரவில்லை. நேற்று அந்த மூலைக்குப் போனேன். சரிந்த மண் தண்ணீருக்குள் நாக்கு மாதிரி நீட்டிக் கிடக்கிறது. அதன் மேல் ஆறு தண்டுகள், விரல் நீளம், நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில். நான் இழுத்தபோது கடைசியில் அறுந்து உள்ளே நின்றுவிட்ட கயிறு எங்கே போகிறது என்று மேலிருந்தே படித்துவிடலாம். குனிந்து ஒன்றைத் தொட்டேன். இழுக்கவில்லை.

லென்ஸ்காரன்:
கதிர் வந்ததும் அடிச்செதில் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.