படகை ஏற்றிவைக்கும் முன்னரா, இறக்கும்போதா? வெளியிணைப்பு எஞ்சினின் ஒயிலை மாற்றும் காலம் பற்றி

பொல்கொடவாசி:
60 குதிரைவலுக் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சிறு படகொன்றைப் பொல்கொட வாவியில் வைத்திருக்கிறேன். வார இறுதிகளில் வாவியிலும், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பாணந்துறை முகத்துவாரத்தால் வெளியேறிக் கரையோரமாகவும் ஓட்டுவதுண்டு. தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் டிரெயிலரில் ஏற்றி மூடிவிட்டால் ஒக்டோபர் வரை படகு தண்ணீரைக் காணாது. 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அல்லது வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது ஒயிலை மாற்றும்படி கைநூல் கூறுகிறது. என் எஞ்சின் வருடத்தில் அதில் பாதிகூட ஓடுவதில்லை என்பதால் வருடக் கணக்கில்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. அதை மே மாதத்தில் படகை ஏற்றும் முன்னர் செய்வதா, ஒக்டோபரில் இறக்கும்போது செய்வதா? எனக்கு வேலை செய்து தரும் மெக்கானிக் இரண்டாவதையே வலியுறுத்துகிறார்.

மட்டக்குளி மாலுமி:
உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. புது ஒயிலை ஊற்றிவிட்டு எஞ்சினை ஐந்து மாதம் சும்மா நிறுத்தினால், மழைக்காலத்து ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொள்வது அந்தப் புது ஒயில்தான். பழைய ஒயிலே உள்ளே கிடந்து ஈரத்தை வாங்கட்டும்; ஒக்டோபரில் இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்துவிட்டால், பருவம் முழுவதும் சுத்தமான ஒயிலில் ஓடலாம். ஏற்றிவைக்கும் முன்னர் மாற்று என்ற அறிவுரை, ஏரிகள் உறைந்துபோகும் நாடுகளில் எழுதப்பட்டது. கொழும்பிலோ வருடம் முழுவதும் சராசரி வெப்பநிலை 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கிறது. வேறு நாட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாம் நாள் குறிக்க வேண்டியதில்லை.

கிரீஸ் கை:
பஞ்சாங்கம் வேறாக இருக்கலாம், பெற்றோல் எரிவது எல்லா நாட்டிலும் ஒரே விதமாகத்தான். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது; ஆனால் ஒரு சிறு பங்கு, எரியாத பெற்றோலையும் அமிலமாக மாறக்கூடிய வாயுக்களையும் கூட்டிக்கொண்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்குகிறது. காரின் எஞ்சின் 90 பாகையளவில் ஓடுவதால் இந்தத் தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிவிடும். வெளியிணைப்பு எஞ்சினைக் குளிர்விப்பது வெளியிலிருந்து இழுக்கப்படும் தண்ணீர். உள்ளே உப்புப் படியாமல் இருப்பதற்காகப் பல மாதிரிகளில், சூட்டைப் பார்த்துக் குளிர்நீருக்கு வழிவிடும் தேர்மோஸ்டாட் 50, 60 பாகையிலேயே திறந்துகொள்ளும். வாவியில் ஊர்ந்து திரிகிறவருக்கு ஒயில் சரியாகச் சூடேறுவதற்கே வாய்ப்புக் குறைவு.

மாலுமி அஞ்சும் ஈரம் காற்றிலிருந்து வருவது. ஒயில் தன்னுள் கரைத்துக்கொள்ளும் தண்ணீர் மிகச் சொற்பம். ஒக்டோபரில் முதல் நாள் நல்ல வேகத்தில் ஓடினாலே அது போய்விடும். அமிலம் அப்படிப் போகாது, ஐந்து மாதமும் பெயரிங்கின் மேலேயே தங்கியிருக்கும். ஆகவே மே மாதத்தில் மாற்றி, புது ஒயில் எல்லா இடமும் படரும்படி சில நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகே மூட வேண்டும் என்பது என் கருத்து.

மட்டக்குளி மாலுமி:
அமிலத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர், அதைச் சமப்படுத்துவதற்கென்றே ஒயிலில் காரச் சேர்மானம் கலக்கப்பட்டிருப்பதை எழுதாமல் விட்டுவிட்டார். 100 மணித்தியாலம் தாங்கும்படி சேர்க்கப்பட்ட காரம், அதில் பாதி ஓடுவதற்குள் தீர்ந்துவிடுமா? கேள்வி கேட்டவரின் ஒயிலில் இன்னும் உயிர் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி ஒயில் என்ன விலைக்கு விற்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

கிரீஸ் கை:
விலையை இதற்குள் இழுப்பதில் பொருளில்லை. நீங்களும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறீர்கள், நானும் அதையே சொல்கிறேன்; மே மாதத்தில் ஊற்றினாலும் ஒக்டோபரில் ஊற்றினாலும் செலவாவது அதே ஒயில். காரச் சேர்மானம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது அமிலத்தை மட்டுமே சமப்படுத்தும், கலந்துவிட்ட தண்ணீரையும் பெற்றோலையும் ஒன்றும் செய்யாது. பொல்கொடவாசி இன்றே அளவுக் கம்பியை உருவிப் பார்க்கட்டும். ஒயில் மட்டம் கடைசியாகப் பார்த்ததைவிட ஏறியிருந்தாலோ, பெற்றோல் நெடி அடித்தாலோ, ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மஞ்சளாக ஒரு பசை ஒட்டியிருந்தாலோ, இந்த விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பஞ்சிகாவத்தைப் பாதசாரி:
இடையில் ஒரு சந்தேகம். காருக்கு வாங்கும் 10டபிள்யூ-30 ஒயிலையே இதற்கும் ஊற்றினால் என்ன குறை? தடிப்பு ஒன்றுதானே?

மட்டக்குளி மாலுமி:
தடிப்பு ஒன்றாக இருந்தால் போதாது. போத்தலில் எஃப்சி-டபிள்யூ என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களுக்கான அந்தத் தரத்தைப் பெற, ஒயில் துருத் தடுப்புச் சோதனையிலும் தேற வேண்டும். கார் ஒயிலுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. கார் நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் போகும் நேரத்தில் படகு எஞ்சின் 5,000 சுழற்சியில் முழுப் பாரத்தையும் இழுத்துக்கொண்டிருக்கும். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பது பெற்றோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஒயில். அவசரத்தில் அதை எடுத்து வந்துவிடாதீர்கள். இதில் கிரீஸ் கையும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்.

கிரீஸ் கை:
வரமாட்டேன். ஆனால் இருவரும் இதுவரை தொடாத ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஒயில் எப்போது மாறினாலும் மாறட்டும், புரொப்பெல்லருக்கு மேலுள்ள கியர் பெட்டியின் ஒயிலை ஏற்றிவைக்கும் முன்னர் மாற்றியே தீர வேண்டும். அந்தப் பெட்டி தண்ணீருக்குள்ளேயே கிடப்பது. புரொப்பெல்லர் தண்டில் மீன்பிடி நூல் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். கீழ்த் திருகாணியைக் கழற்றியதும் முதலில் வடிவது பால் தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது என்று கொள்ளலாம். அதை அப்படியே விட்டுப் படகை மூடினால் ஒக்டோபரில் கிடைப்பது துருப்பிடித்த பெயரிங். திருகாணியின் காந்த நுனியில் மாவு போன்ற கரும்பசை ஒட்டியிருப்பது வழமையான தேய்வு. விரலில் குத்தும் துணுக்குகள் இருந்தால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். புது ஒயிலைக் கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள். மேல் துளையில் குமிழியில்லாமல் வழிந்த பிறகு முதலில் மேல் திருகாணியையும் அடுத்துக் கீழ்த் திருகாணியையும் பூட்டுங்கள். இரண்டுக்கும் புது வொஷர் போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டு மிச்சம்பிடிக்கும் காசு சில ரூபாய்தான்.

பொல்கொடவாசி:
பார்த்தேன். மட்டம் ஏறவில்லை, மூடியின் அடியில் மட்டும் லேசான பசை இருக்கிறது. எஞ்சின் ஒயிலை நானே மாற்ற எண்ணுகிறேன். கீழே வடிப்பதா, பம்பினால் மேலே உறிஞ்சுவதா?

கிரீஸ் கை:
டிரெயிலரில் நிற்கும் வெளியிணைப்பு எஞ்சினுக்கு இரண்டும் சரிவரும்; படகின் அடியில் கை நுழையாத உள்ளெஞ்சின்காரர்களுக்குத்தான் பம்பைத் தவிர வழியில்லை. முதலில் எஞ்சினை மிதமாகச் சூடாக்குங்கள், அப்போதுதான் அழுக்கு ஒயிலோடு சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீர் கொடுக்கும் கவசத்தைத் தண்ணீர் இழுக்கும் வாயில் மாட்டாமல் கரையில் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். எஞ்சினை நிறுத்தி நிமிர்த்தி வைத்தே வடிக்க வேண்டும், மட்டம் பார்ப்பதும் நிமிர்ந்த நிலையிலேயே. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புது பில்டரைப் பூட்டினால் ஒயில் முழுவதும் பீறிட்டு வெளியேறும். வடித்த கழிவொயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவொயில் வாங்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். கரையில் ஊற்றினால் வாவி வழியாக அது பாணந்துறைக் கடலுக்கே போகும். கடல் மாசடைதலைத் தடுக்க 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது.

மட்டக்குளி மாலுமி:
மூடியில் பசை கண்டிருப்பதால் இந்த வருடம் மே மாதத்திலேயே மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மூடிவைத்த காலத்தில் மாதம் ஒரு தடவையாவது பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே படர்ந்த ஒயில் வழிந்திறங்கிவிடும்.

கிரீஸ் கை:
பத்து நிமிடம் ஓடினால் எஞ்சின் பாதிச் சூடுகூட ஏறாது. நான் மேலே சொன்ன தண்ணீரையும் பெற்றோலையும் நீங்களே மாதாமாதம் புது ஒயிலுக்குள் இறக்குகிறீர்கள். ஓட்டினால் முழுச் சூடு ஏறும்வரை ஓட்ட வேண்டும், முடியாவிட்டால் தொடாமல் விட வேண்டும்.

பொல்கொடவாசி:
இரண்டு ஒயிலையும் மே மாதத்தில் மாற்றிவிட்டு எஞ்சினைத் தொடாமல் விடுகிறேன். ஒக்டோபரில் அளவுக் கம்பியைப் பார்த்து எழுதுவேன்.

மட்டக்குளி மாலுமி:
படத்தோடு எழுதுங்கள். ஒயில் வெளுத்திருந்தால் வெறும் வார்த்தையைக் கிரீஸ் கை நம்பமாட்டார்.