மேற்கோள் கிடைக்கிறது, முழுக்கட்டுரை திறக்கவில்லை: இணைப்பை எங்கிருந்து சரிசெய்வது?

ஜவ்வரிசி_நூலகம்:
வணக்கம்ங்க. சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரி நூலகம். மரவள்ளி மாவு, ஜவ்வரிசி தொடர்பான ஆய்வாளர்கள் இங்கே அதிகம். கூகுள் ஸ்காலர், பப்மெட் ஆகிய கட்டுரைத் தேடல் தளங்களில் தலைப்பு, சுருக்கம் வரை வருகிறது. அதற்கு மேல் அழுத்தினால் ஒன்று பணம் கேட்கிறது, இல்லையென்றால் இதழின் முகப்புப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஆனால் அந்த இதழ்கள் அரசுக் கல்லூரிகளுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டப் பட்டியலில் இருக்கின்றன. உதாரணத்துக்கு, 'ஸ்டார்ச் - ஷ்டெர்க்கெ' இதழில் 2015 கட்டுரை திறக்கிறது, 1998 கட்டுரை பிழைப் பக்கம் காட்டுகிறது. ஏற்காட்டில் தங்கி வேலை செய்பவர்களுக்கு எதுவுமே திறப்பதில்லை. மேற்கோளில் இருந்து முழுக்கட்டுரைக்கு வழி காட்டும் லிங்க் ரிசால்வர் மென்பொருள் வாங்கினால் இதெல்லாம் தீருமா?

அம்மாபேட்டை_அட்டவணை:
வாங்குவதற்கு முன்னால் கோளாறு சந்தாவிலா, இணைப்பிலா என்று பிரித்துப் பாருங்க. நூலகக் கணினியில் பிரவுசரைத் திறந்து, டிஓஐ.ஓஆர்ஜி முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிலையான அடையாள எண்) அப்படியே ஒட்டுங்க. கட்டுரை திறந்தால் சந்தா சரி, டேட்டாபேஸ் கொடுக்கும் இணைப்புதான் தவறு. வளாகத்துக்குள்ளேயே பணம் கேட்டால் ஐபி முகவரியில் சிக்கல். உங்கள் இணைய இணைப்பின் அந்த அடையாள எண்ணைப் பார்த்துத்தான் பதிப்பகம் உள்ளே விடும்.

இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றினாலோ, கூடுதலாக ஒரு லைன் போட்டாலோ வெளியே தெரியும் ஐபி மாறிவிடும். பதிப்பகத்திடம் பழைய எண்ணே பதிவில் இருக்கும். நூலகம், ஆய்வகம், விடுதி வைஃபை மூன்றிலும் தனித்தனியாக வெளி ஐபியைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, மாறியிருந்தால் உயர்கல்வி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்தின் பதிவில் திருத்தச் சொல்லுங்க. 192.168 என்றோ 10. என்றோ தொடங்குவது உள் முகவரி. அதைக் கொடுத்துப் பயனில்லை. நிலையான ஐபி இல்லாத இணைப்பு என்றால் ஐபி வழி அனுமதியை நம்பவே வேண்டாம்.

உங்கள் 1998 கட்டுரை விஷயம் வேறு. அந்தப் பதிப்பகம் 1990களின் பிற்பகுதியில் கொடுத்த டிஓஐக்குள் ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), தேதி, தொகுதி, பக்கம் எல்லாம் அடைபட்டிருக்கும். நடுவில் அடைப்புக்குறி, < >, அரைப்புள்ளி வரும். வலைப்பக்கம் < குறியைக் கண்டதும் அதை ஹெச்டிஎம்எல் (வலைப்பக்கத்தை எழுதும் குறிமொழி) என்று நினைத்து மீதியை விழுங்கிவிடும். டிஓஐ பாதியோடு அறுந்து போகும், பிழைப் பக்கம் வரும். < வரும் இடத்தில் சதவீதக் குறி, 3, ஆங்கில சி என்றும், > வரும் இடத்தில் சதவீதக் குறி, 3, ஆங்கில இ என்றும் மாற்றிப் போட்டுப் பாருங்க.

நெத்திமேடு_மெட்டாடேட்டா:
ரிசால்வர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அது எங்கே வழுக்கும் என்பதும் புரியும். டேட்டாபேஸ், மேற்கோளின் ஐஎஸ்எஸ்என், ஆண்டு, தொகுதி, முதல் பக்கம் ஆகியவற்றை ஓர் இணைய முகவரிக்குள் கட்டி அனுப்புகிறது. அதுதான் ஓபன்யுஆர்எல், இசட்39.88-2004 என்ற தரநிலை. ரிசால்வர் அதைப் பிரித்து, உங்கள் நூலகத்தின் இதழ்ப் பட்டியலோடு ஒப்பிட்டு வழி காட்டுகிறது. பட்டியல் தப்பு என்றால் ரிசால்வரும் தப்பாகத்தான் சொல்லும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு இந்தப் பட்டியலில்தான்.

நீங்கள் சொன்ன இதழையே எடுங்க. அச்சு ஐஎஸ்எஸ்என் 0038-9056, மின் பதிப்புக்கு 1521-379எக்ஸ். மேற்கோளில் ஒன்றும் பட்டியலில் மற்றொன்றும் இருந்தால் "உங்கள் நூலகத்தில் இல்லை" என்று வரும். பட்டியலில் அச்சு, மின் ஐஎஸ்எஸ்என் பத்திகள் இரண்டையும் நிரப்புங்க. பட்டியலை எக்ஸெல்லில் திறப்பதாக இருந்தால் ஐஎஸ்எஸ்என் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத் திறக்கணும். கோடு இல்லாமல் எட்டு இலக்கமாக இருந்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போய்விடும். பெயரை வைத்துத் தேடுவதும் ஆபத்து. இந்த இதழின் ஜெர்மன் பெயரில் எழுத்தின் மேல் இரட்டைப்புள்ளி உண்டு, சில டேட்டாபேஸ்கள் அதை விட்டுவிடும்.

பட்டியலைக் கேபார்ட் என்ற, இதழ்ப் பட்டியல்களுக்கான பொது வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்க, டேப் போட்டுப் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். அதில் எந்தக் காலத்து இதழ்கள் கிடைக்கும் என்று சொல்லும் தடைக்காலப் பத்தியை மட்டும் நிதானமாகப் பாருங்க. பி1ஒய் என்றால் ஓராண்டுக்கு முந்தையவை மட்டும் கிடைக்கும், ஆர்1ஒய் என்றால் கடைசி ஓராண்டு மட்டும். இரண்டும் இடம் மாறினால் பலன் நேர் எதிர். எந்த ஆண்டிலிருந்து உரிமை என்பது பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும், ஒரே தேதியை எல்லாவற்றுக்கும் இழுத்துவிடாதீங்க.

ரிசால்வர் இருந்தால்தான் கூகுள் ஸ்காலரின் 'நூலக இணைப்புகள்' அமைப்பில் உங்கள் நூலகப் பெயர் வரும். இல்லாதவரை டிஓஐயே போதும். அதில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ஏற்காடு_மிளகுக்கொடி:
மலையில் இருப்பவர்களுக்கு ஐபி வழி உதவாது. வளாகத்துக்கு வெளியே இருந்து நுழைய இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பில் கணக்கு எடுத்துக் கொடுங்க. பதிப்பகத் தளத்தில் 'நிறுவனம் வழியாக உள்நுழை' என்பதை அழுத்தி, கூட்டமைப்புப் பட்டியலில் இன்ஃபெட்டைத் தேர்ந்து, கல்லூரி கொடுத்த பயனர் பெயரோடு நுழையணும். கட்டுரைப் பக்கத்தில் இருந்தே நுழையச் சொல்லுங்க, முகப்பில் நுழைந்தால் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

கூடவே ஸோட்டெரோ (மேற்கோள் சேகரிக்கும் மென்பொருள்), அன்பேவால் (பிரவுசரில் சேர்க்கும் நீட்சி) இரண்டையும் போடச் சொல்லுங்க. டிஓஐ உள்ள கட்டுரைக்கு இலவசப் பிரதி சட்டப்படி எங்காவது இருந்தால் அன்பேவால் பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். ஸோட்டெரோவில் 'முழுப்பாடம் தேடு' கொடுத்தால் அதே மாதிரி பிடிஎஃப்பை இழுத்து வந்து சேர்த்துவிடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இது பெரிய உதவி, கீழே வரும்போது மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஜவ்வரிசி_நூலகம்:
நன்றிங்க. டிஓஐயே இல்லாத பழைய இந்திய இதழ்களுக்கு?

அம்மாபேட்டை_அட்டவணை:
அங்கே ரிசால்வரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிழங்குப் பயிர் இதழ்களின் பழைய தொகுதிகள் பெரும்பாலும் அப்படித்தான். முதலில் கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடி, 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அழுத்துங்க. நிறுவனக் களஞ்சியத்தில் ஒரு பிரதி கிடக்கலாம். முனைவர் பட்ட ஆய்வில் இருந்து பிறந்த கட்டுரை என்றால் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆய்வேடே இருக்கலாம், அட்டவணைகள் கட்டுரையைவிட முழுமையாகக் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், நூலகங்கள் பிரதிகளைப் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் அமைப்பில் உறுப்பினராக இருந்தால் கோரிக்கை அனுப்புங்க. தொகுதி, இதழ் எண், தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம் நான்கும் எழுதணும். முடிவுப் பக்கம் விட்டுப் போனால் திருப்பிக் கேட்பார்கள், நாள்தான் வீணாகும்.