டீகேப்பிங்குக்கு மட்டும் ஒரு மலிவு பிரஸ்: அமெரிக்கா வந்து ரீலோடிங் ஆரம்பிக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடி

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார், டெக்சாஸ் வந்து எட்டு மாசம் ஆச்சு, ஆபீஸ் நண்பர்களோட துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போய்ப் பழகிட்டேன், அங்க கீழ விழுந்து கெடக்குற சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூடெல்லாம் பொறுக்கி ஒரு வாளி சேத்து வெச்சிருக்கேன், அடியில இருக்குற ப்ரைமர், அதான் மருந்தைப் பத்த வைக்குற சின்ன மூடி, அதைத் தட்டி எடுக்க மலிவா ஒரு பிரஸ் சொல்லுங்கண்ணான்னு. நான் ஹூஸ்டன் பக்கம் பல வருஷமா கராஜ்ல ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டுல புது ப்ரைமர், பவுடர், புல்லட் வெச்சுத் திரும்பத் தோட்டா ஆக்குற வேலை பண்ணிட்டிருக்கேன், பதில் எழுத உக்காந்தா நீளமாயிடுச்சு, எல்லாருக்கும் உதவட்டும்னு இங்கயே போடுறேன்.

தம்பி, பிரஸ் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க எச்1பியா, எஃப்1ஆ, எல்1ஆ? அப்படின்னா அந்த வாளியை முதல்ல யோசிங்க. நான்-இமிக்ரன்ட் விசாவுல, அதாவது தற்காலிக விசாவுல இருக்குறவங்க துப்பாக்கியோ அம்யூனிஷனோ வெச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கு. இதுல நம்மாளுங்க பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம் என்னன்னா, அம்யூனிஷன்னா முழுத் தோட்டா மட்டும் இல்ல, காலிக் கூடு, ப்ரைமர், புல்லட், பவுடர் எல்லாமே தனித்தனியா அந்த வார்த்தைக்குள்ள வருதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அதாவது நீங்க பொறுக்கி வெச்ச வெறும் பித்தளையே அதுல மாட்டும். மாநிலம் குடுக்குற ஹன்டிங் லைசென்ஸ் கையில இருந்தா ஒரு விதிவிலக்கு உண்டு, நிறைய பேர் அப்படித்தான் ரேஞ்சுக்குப் போறாங்க, ஆனா அந்த லைசென்ஸ் நாள் தீராம இருக்கணும். ரேஞ்சுல வாடகைக்குத் துப்பாக்கி எடுத்து சுடுறதும் கையில வெச்சிருக்குற கணக்குதான். கடையில உங்க விசாவை யாரும் கேக்கலைங்குறதால பரவால்லன்னு நெனைக்காதீங்க, 2022க்கு அப்புறம் இதுக்கு உச்ச தண்டனை 15 வருஷம், அதோட நாடு கடத்துறதுக்கும் வழி இருக்கு. ஒரு தடவை இமிக்ரேஷன் லாயருக்குக் காசு குடுத்துக் கேட்டுட்டு வாங்க. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு ஃபெடரல் லெவல்ல இந்தத் தடை இல்ல, ஆனா இல்லினாய்ல எஃப்ஓஐடி கார்டுன்னு மாநிலம் குடுக்குற துப்பாக்கி அட்டை வேணும், மாசசூசெட்ஸ்ல லைசென்ஸ் வேணும், மாசசூசெட்ஸ்லயும் கூடு ப்ரைமர் எல்லாம் அம்யூனிஷன் கணக்குதான்.

சரி, பேப்பர் எல்லாம் சரியா இருக்குன்னு வெச்சுட்டு விஷயத்துக்கு வர்றேன்.

சுட்டு முடிச்ச கூட்டுக்கு அடியில நடுவுல வட்டமா ஒண்ணு இருக்கும், அதான் வெடிச்சு முடிஞ்ச ப்ரைமர். அதை வெளிய தள்ளுறதுதான் டீகேப்பிங், சிலர் டீப்ரைமிங்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான். கூட்டோட வாய் வழியா ஒரு ஊசியை உள்ள விட்டு அடியில இருக்குற ஓட்டை வழியா ப்ரைமரைக் கீழ தள்ளணும், அவ்வளவுதான் வேலை. பிரஸ்னா என்னன்னு புரியாதவங்க நம்ம வீட்டு இடியாப்ப அச்சை நெனச்சுக்கோங்க, லீவரை அமுக்குனா ஒரு தண்டு நேரா நகந்து பலத்தை ஒரே இடத்துல குடுக்குது, இங்க மாவுக்குப் பதிலா பித்தளைக் கூடு, அதைத் தூக்கிட்டுப் போற தண்டுக்கு ராம்னு பேரு, மேல மாட்டுற கருவிக்கு டைன்னு பேரு.

டீகேப்பிங்குக்குன்னு எதுக்குத் தனி பிரஸ், சுட்டு விரிஞ்ச கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்குற சைசிங் டையிலயே ஊசி இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா ரேஞ்சுல மண்ணுல கெடந்த கூட்டை அப்படியே சைசிங் டைக்குள்ள தள்ளுனா அந்த மண்ணு டையோட உள்பக்கத்துல கீறல் போட்டுடும், அப்புறம் போடுற ஒவ்வொரு கூட்டுலயும் அந்தக் கோடு விழும். நான் ஆரம்பத்துல அப்படித்தான் ஒரு டையைக் கெடுத்தேன். அதனால முதல்ல யுனிவர்சல் டீகேப்பிங் டைன்னு ஒண்ணு, அது கூட்டோட பக்கத்தைத் தொடவே தொடாது, ஊசி மட்டும் உள்ள போயிட்டு வரும், அதுல ப்ரைமரை எடுத்துட்டு, அப்புறம் கழுவி, அப்புறம்தான் சைசிங். ப்ரைமரை முன்னாடியே எடுத்துட்டா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் போட்டுத் தண்ணியில சுத்தும்போது அந்தப் ப்ரைமர் குழியும் சேந்து சுத்தமாகும், தண்ணியும் உள்ள தங்காது. இதுல இன்னொண்ணு, ப்ரைமர் கரி ஒரு மாதிரி நறநறன்னு இருக்கும், அது ராம் மேல விழுந்து விழுந்து நல்ல பிரஸ்ஸைத் தேய்க்கும். அழுக்கு வேலைக்கு ஒரு மலிவு பிரஸ், நல்ல வேலைக்கு நல்ல பிரஸ், இதான் நான் எல்லாருக்கும் சொல்றது, நல்ல பிரஸ் பின்னாடி மெதுவா வாங்கிக்கலாம்.

என்ன வாங்கலாம்னா, விஸ்கான்சின் ஹார்ட்ஃபோர்டுல இருக்குற லீ பிரிசிஷன் கம்பெனியோட ப்ரீச் லாக் ரீலோடர் பிரஸ்னு ஒரு சின்ன அலுமினிய பிரஸ் இருக்கு, சி ஷேப்ல, முன்பக்கம் தொறந்து இருக்கும், 100 டாலருக்குள்ள கெடைக்கும். அதே கம்பெனி யுனிவர்சல் டீகேப்பிங் டை 20 டாலர் பக்கம். ரெண்டோட, பின்னாடி சொல்ற ஷெல் ஹோல்டரும் சேத்தா வேலை முடிஞ்சுது. டை மாட்டுற மரை 7/8-14ங்குறது பெரும்பாலான கம்பெனிக்கும் பொதுவான அளவு, அதனால நாளைக்கு ஆர்சிபிஎஸ் கம்பெனியோட ராக் சக்கர் மாதிரி கனமான வார்ப்பிரும்பு பிரஸ் வாங்குனாலும் இந்த டை அதுலயும் ஏறும். டீகேப்பிங்குக்கு மட்டும் 200 டாலருக்கு மேல குடுத்து வார்ப்பிரும்பு வாங்க வேண்டிய அவசியமே இல்ல, ப்ரைமரைத் தள்ளுறதுக்கு அவ்வளவு பலம் தேவைப்படாது. சி ஃப்ரேம் வளையும்னு சிலர் பயமுறுத்துவாங்க, பெரிய ரைஃபிள் கூட்டை சைஸ் பண்ணும்போது அது உண்மை, ஊசியால தட்டுறதுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அந்த லீ டையில எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், ஊசியை காலெட்னு ஒரு பிடிப்பு வளையம் இறுக்கிப் பிடிச்சிருக்கும், எதுலயாவது முட்டுனா ஊசி உடையாம மேல நழுவிடும், திரும்ப இறக்கி ரெண்டு ஸ்பேனர் வெச்சு இறுக்கிக்கலாம். கொஞ்சம் கூடுதலா இறுக்கலைன்னா சும்மா சும்மா நழுவும், அதனால டை மோசம்னு ரிட்டர்ன் பண்றவங்க இருக்காங்க, இறுக்கிப் பாருங்க முதல்ல.

அபார்ட்மென்ட்ல இருக்கேன், பிரஸ்ஸை போல்ட் போட மேசை இல்லைன்னா லீ ஹேண்ட் பிரஸ் பாருங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சு அமுக்கணும், சோபாவுல உக்காந்துகூட பண்ணலாம், பழைய ப்ரைமர் அதோட ராமுக்குள்ளயே சேரும், அப்பப்ப கொட்டிடலாம். அதை விடச் சின்னதா ஃப்ராங்க்ஃபோர்ட் ஆர்சனல், ஹார்வி இவங்க கையால பிழியுற டீப்ரைமர் விக்குறாங்க, பாக்குவெட்டி மாதிரி அமுக்குனா டொக்குன்னு விழும். ஐம்பது நூறு கூட்டுக்கு அருமை. முன்னூறு தாண்டுனா மணிக்கட்டு வலிக்கும், கீபோர்டு தட்டிப் பொழைக்கிற நமக்கு அது வேண்டாத வேலை. மாசத்துக்கு ஆயிரக்கணக்குல சுடுற ஆளுக்கு லீயோட ஏபிபி பிரஸ்னு இருக்கு, கூட்டை வரிசையா ஊட்டி விட்டுட்டு லீவரை மட்டும் அடிச்சிட்டே போகலாம், வெல கொஞ்சம் கூட. புதுசா வந்தவங்களுக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

பிரஸ்ஸை எதுல மாட்டுறீங்கங்குறது பிரஸ்ஸை விட முக்கியம். சில ஐக்கியா மேசைப் பலகைக்கு உள்ள வெறும் காகித அடைப்புதான், போல்ட் பிச்சுட்டு வந்துடும். ஹோம் டிப்போல ஒரு 2x6 கட்டை வாங்கி பிரஸ்ஸை அதுல போல்ட் பண்ணி, கட்டையை சி கிளாம்ப் போட்டு கனமான மேசையில இறுக்குங்க, வேலை முடிஞ்சதும் கழட்டி அலமாரியில வெச்சுடலாம், வாடகை வீட்டுல செவுத்துல ஒரு ஓட்டை போட வேண்டாம்.

ஷெல் ஹோல்டர்னு ஒரு சின்ன வட்டு தனியா வாங்கணும், கூட்டோட அடி விளிம்பைப் பிடிக்குறது. நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இதுல ஏமாறாதீங்க. .223 வகைத் தோட்டாவுக்கு லீயில 4ஆம் நம்பர், ஆர்சிபிஎஸ்ல 10. 9 எம்எம்முக்கு லீயில 19, ஆர்சிபிஎஸ்ல 16. .308க்கும் .45 ஏசிபிக்கும் ஒரே வட்டு போதும், லீயில 2, ஆர்சிபிஎஸ்ல 3.

இப்ப பொறுக்குன பித்தளையில இருக்குற வில்லங்கம். முதல்ல ரேஞ்ச் ஆபீசரைக் கேட்டுட்டுப் பொறுக்குங்க, சில ரேஞ்சுல கீழ விழுந்தது ரேஞ்சுக்குத்தான் சொந்தம். வீட்டுக்கு வந்ததும் ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டுனா அது இரும்புக் கூடு, ஓரமா வையுங்க. அப்புறம் ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் கண்ணால பாக்கணும், ஏன்னா 9 எம்எம் கூட்டுக்குள்ள .22 கூடு போய்க் கெட்டியா உக்காந்திருக்கும், .45க்குள்ள 9 எம்எம் இருக்கும், அதுல ஊசியை விட்டா வளைஞ்சுடும். உள்ள அடியில நடுவுல ஒரே ஓட்டை இருந்தா பாக்ஸர் வகை, தட்டலாம். நடுவுல இல்லாம பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சின்ன ஓட்டை இருந்தா பெர்டன் வகை, அதைத் தட்டவே கூடாது, ஊசி கெட்டியான பித்தளையில போய் முட்டும். வேடிக்கை என்னன்னா பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், ஆனா அமெரிக்காவுல பாக்ஸரும் ஐரோப்பாவுல பெர்டனும்தான் பரவுச்சு. இங்க கடையில விக்குற அமெரிக்கப் பித்தளை எல்லாமே கிட்டத்தட்ட பாக்ஸர்தான், வெளிநாட்டு மிலிட்டரி சரக்குதான் கவனம்.

அடியில வட்டத்துக்குள்ள சிலுவை முத்திரை இருந்தா நேட்டோ பித்தளை, ப்ரைமரைச் சுத்தி இறுக்கி அமுக்கியிருப்பாங்க, கிரிம்ப்னு பேரு. லீவர் கனமா இருக்கும், டொப்புன்னு வெளிய வரும், பயப்பட வேண்டாம், ஆனா புது ப்ரைமர் வைக்குறதுக்கு முன்னாடி அந்தக் கிரிம்ப்பை வழிச்சு எடுக்கணும். சில பந்தயத்தரப் பித்தளையில ஓட்டை 2 மில்லிமீட்டருக்குப் பதில் 1.5 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுக்குச் சன்ன ஊசி வேணும். சாதா ஊசி மாட்டிக்கிட்டா இழுத்துப் போராடாதீங்க.

வெடிக்காத ப்ரைமர் இருக்குற கூட்டை ஒருநாளும் தட்டாதீங்க. ப்ரைமர் நடுவுல ஃபைரிங் பின், அதான் துப்பாக்கியோட ஊசி, குத்துன குழி இருக்கான்னு பாருங்க, குழி இல்லைன்னா அது உயிரோட இருக்கு. குழி இருந்தும் தோட்டா முழுசா இருந்தா அதுவும் ஆபத்துதான். எல்லாத்தையும் ரேஞ்சுல வெடிக்காத தோட்டாவுக்குன்னு இருக்குற டட் டப்பாவுல போட்டுடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி, எப்பவும்.

அப்புறம் ஈயம். இதைத்தான் நான் மனசார வேண்டிக் கேக்குறேன், ஏன்னா நம்ம வீட்டுல குழந்தைங்க தரையில தவழுதுங்க. வழக்கமான ப்ரைமர்ல லெட் ஸ்டிஃப்னேட்னு ஈயம் கலந்த வெடிபொருள் இருக்கு, வெடிச்ச கரியில ஈயம் இருக்கு, டீகேப் பண்ணும்போது அந்தத் தூள்தான் கையில ஒட்டுது. சமையக்கட்டுல பண்ணாதீங்க, சிங்க்ல கழுவாதீங்க, இட்லிப் பானை பக்கத்துல வாளியைக் கொண்டு வராதீங்க. கையுறை போட்டு, வேலை முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில சோப்பு போட்டுக் கழுவி, அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோட சேக்காம தனியா துவைங்க. மலிவு பிரஸ்ல சிலது பழைய ப்ரைமரை நாலா பக்கமும் சிதறடிக்கும், அடியில பழைய பாய் இல்ல அட்டை விரிச்சு வேலை முடிஞ்சதும் ஈரத்துணியால தொடைங்க, வெளக்குமாறு போட்டுக் கூட்டாதீங்க, தூள் பறக்கும். 2021ல இருந்து அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி, குழந்தை ரத்தத்துல டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்கணும்னு சொல்லுது, அது எவ்வளவு சின்ன அளவுன்னு யோசிங்க. நான் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டு ரத்த டெஸ்ட் எடுத்துடறேன்.

இன்னொரு அண்ணாவும் கேட்டிருந்தார், ஊருக்குப் போகும்போது மச்சானுக்கு ரெண்டு காலிக் கூடு நினைவுக்குக் கொண்டு போகலாமா, பழைய பிரஸ்ஸைக் கொண்டு போகலாமான்னு. வேண்டவே வேண்டாம்ணா. இந்தியாவோட 1959 ஆயுதச் சட்டத்துல அம்யூனிஷன்ங்குற வார்த்தைக்குள்ள அதோட பாகங்களும் அதைத் தயாரிக்குற மெஷினும் சேந்தே வருது. சென்னை ஏர்போர்ட்ல ஸ்கேனர்ல ஒரு கூடு தெரிஞ்சா லீவு முழுக்க ஸ்டேஷனும் கோர்ட்டுமாப் போயிடும். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீங்க, அதுக்குன்னு வேற பை வெச்சுக்கோங்க, ஏன்னா பக்கத்து ஜிப்புக்குள்ள ஒரு 9 எம்எம் கூடு கெடக்குறது நமக்கே தெரியாது. ஜாக்கெட் பாக்கெட்டையும் ஒரு தடவை தடவிப் பாத்துடுங்க, பக்கத்து லேன்ல சுடுறவரோட சூடான கூடு பறந்து வந்து பாக்கெட்டுக்குள்ள விழுந்தது எனக்கே ரெண்டு தடவை நடந்திருக்கு.